மவுசர் 98, குழலில் ‘10.75’ என்று மட்டும்: 68ஆ, 404ஆ?

ஸ்வாபியத் தமிழன்

வணக்கம் நண்பர்களே. தெற்கு ஜெர்மனியில் ஒரு கடையில் ஓபர்ன்டார்ஃப் மவுசர் வேட்டை ரைஃபிள் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. ‘பி’ வகை, 60 செ.மீ. குழல், இரட்டை ட்ரிகர், ட்ரிகர் வளையத்துக்குள் நெம்புகோல் வைத்த கீழ்த்தட்டு. குழலின் மேல் ‘10.75’ என்று மட்டும் இருக்கிறது. கடைக்காரரும் ‘10.75 மவுசர்’ என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

என்னிடம் வேட்டை உரிமம் உண்டு. நமீபியாவில் எருமை வேட்டைக்கு எடுத்துப்போக ஆசை. இது எந்தத் தோட்டா என்று எப்படி உறுதிசெய்வது? வாங்குமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? ஏறத்தாழ இதே விலையில் ஒரு 9.3×62-உம் அங்கே இருக்கிறது. அதை எடுப்பது மேலா?

கருமருந்து

‘10.75’ குழலின் விட்டத்தைத்தான் சொல்கிறது, தோட்டா உட்காரும் அறையான சேம்பரைச் சொல்லவில்லை. மவுசர் ரைஃபிள்களில் 10.75×57, 10.75×63, 10.75×68, 10.75×73 என்று நான்கு தோட்டாக்கள் வந்திருக்கின்றன. முதல் இரண்டும் அரிது. நடைமுறையில் 68ஆ 73ஆ என்பதுதான் கேள்வி. 73 என்பது இங்கிலாந்தின் ஜெஃப்ரி நிறுவனத்து .404-க்கு ஜெர்மானியர் வைத்த பெயர். இரண்டுக்கும் குண்டின் விட்டம் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் மருந்தை அடக்கிய பித்தளைக் கூடான கேஸின் பருமன் வேறு. அளவெடுக்க வேண்டிய இடம் அதுதான்.

முதலில் போல்ட்டைக் கழற்றி, அதன் முகப்பில் தோட்டாவின் அடி உட்காரும் பள்ளத்தை வெர்னியர் காலிப்பரால் அளவிடுங்கள். சாதாரண 8×57-இன் விளிம்பு 12.0 மி.மீ., 10.75×68-இன் விளிம்பு 12.4, .404-இன் விளிம்பு 13.8-ஐ ஒட்டி. பள்ளம் விளிம்பைவிட ஒரு பொட்டுதான் அகலமாக இருக்கும். 12.5 வந்தால் 68. 13.9 வந்தால் 404. இந்த ஒரு அளவே பெரும்பாலும் விடை சொல்லிவிடும்.

அடுத்து மேகசின் பெட்டியின் உள்நீளம். 98-இன் சாதாரண நீளம் 84 மி.மீ. 10.75×68-இன் முழு நீளம் 80 மி.மீ. சுற்று, அதனால் உள்ளே தாராளமாக அடங்கும். .404-க்கு 90 மி.மீ. வேண்டும். அதற்கு நீள மேக்னம் ரிசீவர் (போல்ட் ஓடும் எஃகு உடல்) இருக்க வேண்டும், அல்லது சாதாரண ரிசீவரில் முன்பக்கம் வெட்டி இடம் செய்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் பட்டறைகள் பல இப்படி வெட்டியே 404 செய்தன. ஆகவே நீளத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

மூன்றாவது, கட்டையிலிருந்து குழலை எடுத்து அடிப்பக்க முத்திரைகளைப் பார்க்க வேண்டும். கடைக்காரர் மறுத்தால் வேறு ரைஃபிள் தேடுங்கள். 1911-க்கு முந்தைய ஜெர்மன் முத்திரையில் குழல் அளவு ‘67.49’, ‘108.49’ போன்ற எண்ணாக இருக்கும். அது ஒரு பவுண்டு ஈயத்தில் வார்க்கும் உருண்டைகளின் எண்ணிக்கை. 67.49 என்றால் .410 அங்குலம், 108.49 என்றால் .350 அங்குலம். அதற்குப் பிறகு மில்லிமீட்டர், பல நேரம் கேஸ் நீளமும் சேர்ந்து, சோதித்த மாதமும் ஆண்டும். கிரீடத்தின் கீழ் ‘என்’ இருந்தால் புகையில்லா மருந்துக்குச் சோதித்தது. இந்த மில்லிமீட்டர் அளவு குழலுக்குள் சுழன்றோடும் புரியின் மேடுகளுக்கு இடையில் எடுத்தது, பள்ளங்களுக்கு இடையில் எடுத்ததல்ல. அதனால் 10.75 குழலில் 10.4 என்றும், 9.3 குழலில் 9.0 என்றும் கண்டால் குழம்ப வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேல் சேம்பர் வார்ப்பு. செர்ரோசேஃப் கலவை 70 முதல் 88 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். புரி தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் துணியடைத்து, சேம்பரில் லேசாக எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு ஊற்றுங்கள். கெட்டியானதும் அரை மணிக்குள் தட்டி எடுத்துவிட வேண்டும். வார்ப்பு முதலில் சுருங்கி, பிறகு விரியும். ஊற்றி ஒரு மணி நேரம் ஆனதும் அளந்தால்தான் சேம்பரின் உண்மை அளவு கிடைக்கும். கலவையில் ஈயமும் காட்மியமும் இருப்பதால் அடுப்பின் நேர்ச்சூட்டில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள், சன்னலைத் திறந்துவையுங்கள்.

இழைப்புளி

மரத்தையும் ட்ரிகரையும் பற்றி நான் சொல்கிறேன். பெரிய குழல் மவுசர்களில் கட்டை பிளப்பது முதலில் ரிசீவரின் வால் பகுதிக்குப் பின்னால்தான். பின்னுதையை ரிசீவருக்கு அடியில் உள்ள லக் என்ற எஃகு முட்டு வாங்க வேண்டும். நூறு வருடத்து எண்ணெய் ஊறி அங்கே மரம் மெத்தென்று ஆகிவிட்டால், ரிசீவர் மொத்தமும் பின்னால் நகர்ந்து வால் ஆப்பாக இறங்கிவிடும். வாலுக்குப் பின்னால் 0.5 முதல் 1 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். முட்டிக்கொண்டிருந்தால், மயிரிழை விரிசல் இன்று கண்ணில் படாவிட்டாலும் பத்துத் தோட்டாவில் தெரியும். எடுத்த எடுப்பில் எபாக்சி போடாதீர்கள், எண்ணெய் மரத்தில் ஒட்டாது. அசிட்டோனில் குழைத்த சுண்ணப்பொடியைப் பூசி, காய்ந்ததும் சுரண்டி, பொடி மஞ்சளாவது நிற்கும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அதன்பிறகே லக்கின் பின்முகத்துக்கு எபாக்சி. முடுக்கும்போது முன் திருகு முதலில், பின் திருகு அடுத்து.

இரட்டை ட்ரிகரில் பின்னதை இழுத்தால் முன்னது தயாராகும். பிறகு முன்னதைத் தொட்டாலே வெடிக்கும். காலி ரைஃபிளில் தயார்நிலைக்குக் கொண்டுவந்து, அடிக்கட்டையை ரப்பர் விரிப்பில் தட்டுங்கள். தானாக விழுந்தால் இரண்டு ட்ரிகருக்கும் நடுவில் உள்ள சிறு திருகை வெளிப்பக்கம் திருப்பிக் கனம் கூட்ட வேண்டும். அப்படியும் விழுந்தால் கொக்கி தேய்ந்திருக்கிறது என்று பொருள். சுடாமல் தயார்நிலையை நீக்க: போல்ட்டைத் திறந்து, பின் ட்ரிகரை இழுத்துப் பிடித்தபடி முன்னதை அழுத்தி, பின்னதை மெல்ல விடுங்கள். எருமை முன்னால் நிற்கும்போது தயார்நிலையே வேண்டாம். முன் ட்ரிகரை நேராக இழுத்தாலும் சுடும், கொஞ்சம் கனமாக இருக்கும், அவ்வளவே.

ஸ்வாபியத் தமிழன்

மிக்க நன்றி. கடையிலேயே பிரித்துப் பார்த்தோம். போல்ட் முகப்புப் பள்ளம் 13.9 மி.மீ. மேகசின் உள்நீளம் 91. ஆனால் குழலின் அடியில் 10.4, 68, கிரீடம்-என், 5.27 என்று இருக்கிறது. மேகசினின் முன்பக்கச் சரிவு புதிதாக வெட்டியது போலப் பளபளக்கிறது. இது எப்படி?

கருமருந்து

அப்படியானால் அது 1927 மே மாதம் 10.75×68 ஆகப் பிறந்த ரைஃபிள். பிற்பாடு யாரோ சேம்பரைக் குடைந்து .404 ஆக்கியிருக்கிறார்கள். குழல் ஒன்றே என்பதால் ரீமர் என்ற குடையும் கருவியை விட்டால் போதும். 68-இன் கேஸ் அடியில் 12.5 மி.மீ., 404-இன் கேஸ் 13.8. பழைய சேம்பரின் சுவடே இல்லாமல் போய்விடும். இப்போது அந்த முத்திரைகள், இனி பொருந்தாத ஒரு தோட்டாவுக்குச் சாட்சி சொல்கின்றன.

கவலைப்பட வேண்டியது அந்தப் பளபளப்பைப் பார்த்துத்தான். 98-இன் போல்ட்டைப் பூட்டும் கீழ் லாக்கிங் லக், சுடும்போது ரிசீவர் வளையத்துக்குள் ஒரு படியில் சாய்ந்து அழுத்தத்தைத் தாங்குகிறது. அந்தப் படிக்கு நேர் பின்னால்தான் சரிவு. 90 மி.மீ. தோட்டாவுக்காகச் சரிவை முன்னால் தள்ளத் தள்ள, படிக்கு முட்டுக்கொடுக்கும் எஃகு குறைகிறது. பழைய மவுசர் ரிசீவரில் மேல்தோல் மட்டும்தான் கடினம், உள்ளே மென்மை. வெட்டிய இடத்தில் அந்தத் தோலும் போய்விட்டது. லக் படி உள்வாங்குவது அங்கேதான் தொடங்கும்.

சுடுமுள், கேஸை இழுத்தெடுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் இரண்டையும் கழற்றிய போல்ட்டைப் போட்டுக் கைப்பிடியை மெல்லத் தூக்குங்கள். போல்ட் ஒரு சிறு மேட்டைத் தாண்டி வருவதுபோல் கையில் தட்டுப்பட்டால் படி குழிந்துவிட்டது. தட்டுப்படாவிட்டால் லக்குகளின் பின்முகத்தில் மார்க்கர் மை பூசி, போல்ட்டைப் பின்னோக்கி லேசாக இழுத்துப் பிடித்தபடி இருபது முறை திறந்து மூடுங்கள். இரண்டு லக்கிலும் மை தேய வேண்டும். ஒன்றில் மட்டும் தேய்ந்தால் மொத்தச் சுமையும் அந்த ஒரே லக்கின் மேல். பிறகு சேம்பரின் ஆழம் சரியா என்று பார்க்கும் .404 ஹெட்ஸ்பேஸ் கேஜ்: ‘கோ’ போட்டு மூட வேண்டும், ‘நோ-கோ’ போட்டு மூடக் கூடாது.

மேகசினின் அகலத்தையும் அளங்கள். இந்த மாற்று வேலைகளில் பெரும்பாலானவை தோற்கும் இடம் அது. இரண்டு வரிசையாகத் தோட்டா அடங்க, பெட்டியின் பின்பக்க உள்ளகலம் கேஸின் அடி விட்டத்தைப் போல 1.866 மடங்கு இருக்க வேண்டும் (30 டிகிரி கோணக் கணக்கு). 68-க்கு 23.3 மி.மீ., 404-க்கு 25.8. நீளத்தை மட்டும் கூட்டி அகலத்தை விட்டிருந்தால் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்ந்து நிற்கும். மேலே வருவது மேகசின் விளிம்பின் உதட்டுக்கு அடியில் நிற்காமல் துள்ளிவிடும், எக்ஸ்ட்ராக்டர் நகத்துக்குள் விளிம்பு ஏறாது. மருந்தில்லாத மாதிரித் தோட்டாக்களை நிரப்பி, மெதுவாகவும் வேகமாகவும் ஓட்டிப் பாருங்கள். சேம்பர் மாற்றினால் ஜெர்மனியில் மறுசோதனை கட்டாயம். கழுகின் கீழ் ‘என்’னும், சோதனை நிலையத்தின் குறியும், இரண்டு எழுத்து ஆண்டுக்குறியும் குழலில் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் இதை விற்பதே சட்டப்படி சிக்கல், கடைக்காரரே சூல் அல்லது உல்ம் நகரச் சோதனை நிலையத்துக்கு அனுப்பி முத்திரை வாங்கித் தரட்டும்.

தூரப்பார்வை

எருமைக் கணக்கு. நமீபியாவில் எருமை, யானை போன்றவற்றுக்குக் குழல்வாயில் 5400 ஜூல் வேண்டும். ஓரிக்ஸ், குடு, ஈலண்டுக்கு 2700 போதும். .404-இன் பழைய அளவு 25.9 கிராம் குண்டு, நொடிக்கு 648 மீட்டர்: 5440 ஜூல், மயிரிழையில் தேறுகிறது. 60 செ.மீ. குழலில் அந்த வேகம் வருகிறதா என்று குண்டின் வேகம் அளக்கும் குரோனோகிராஃபில் பார்த்துவிட்டே நம்ப வேண்டும். 10.75×68 ஆகவே இருந்திருந்தால் 22.5 கிராம், 670 மீட்டர், சுமார் 5050. தேறாது. 9.3×62 பழைய 18.5 கிராம் குண்டில் சுமார் 4800. அதுவும் தேறாது.

ஆனால் ஜூல் கணக்கை மட்டும் வைத்து 9.3-ஐ மட்டமாக நினைக்காதீர்கள். பெர்லினின் ஓட்டோ போக் 1905-இல் இதை ஆப்பிரிக்கக் குடியேற்றங்களில் இருந்த ஜெர்மானியருக்காகவே வடிவமைத்தார். 83.6 மி.மீ. நீளம், வெட்டாத 98 மேகசினுக்குள் அப்படியே அடங்கும். அதனால் ரைஃபிள் விலை குறைவு, ரிசீவரும் முழுசு. ஊடுருவலைக் கணிக்கும் குறுக்குவெட்டு அடர்த்தி 9.3-இன் குண்டுக்கு 0.305, 10.75×68-க்கு 0.276, .404-க்கு 0.319. பெரிய ஓட்டை போட்ட 10.75×68 யானை மண்டையில் கெட்ட பெயர் வாங்கியதற்கு ஒரு காரணம் இது. இன்னொரு காரணம், அந்தக் காலத்து மெல்லிய உறை: குண்டு வளைந்து வழிமாறிப் போனது. தோட்டாவின் வடிவத்தில் குறையில்லை.

என் முடிவு: ஓரிக்ஸ், குடு, காட்டுப்பன்றி, சிவப்பு மான் எல்லாவற்றுக்கும் அந்த 9.3-ஐ வாங்குங்கள். எருமைக்கு .375 அங்குல ரைஃபிளை வேட்டைப் பண்ணையிலேயே வாடகைக்கு எடுங்கள். வெட்டிய 404-ஐ, மறுசோதனை முத்திரை இல்லாமல், பாதி விலைக்குத் தந்தாலும் தொட வேண்டாம்.

ஸ்வாபியத் தமிழன்

முத்திரை இல்லை. 9.3-ஐ எடுக்கிறேன். மவுசரோடு 1930-களின் 10.75×68 தோட்டா இரண்டு பெட்டி வைத்திருக்கிறார்கள். ரைஃபிளோடு சேர்த்து விற்பதாகச் சொல்கிறார்கள். வாங்குபவர் யாராவது அதைப் போட்டுச் சுட்டால்?

கருமருந்து

உடனே கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். 12.5 மி.மீ. கேஸ் 13.8 மி.மீ.க்குக் குடைந்த சேம்பரில் ஆடிக்கொண்டு நிற்கும். எக்ஸ்ட்ராக்டர் நகம் பிடித்துக்கொள்வதால் வெடிக்கவும் செய்யும். கேஸ் நீளவாக்கில் கிழிந்து வாயு பின்னால் வரும். 98-இன் போல்ட்டில் இரண்டு துளைகளும் பின்னால் அகன்ற தடுப்பும் இருப்பதால் கண் பிழைக்கலாம், ஆனால் அதை நம்பிச் சுடக் கூடாது. பெட்டிகளை ரைஃபிளிலிருந்து பிரித்து, சேகரிப்பாளர்களிடம் பெட்டியோடு விற்கச் சொல்லுங்கள். சரியான ரைஃபிளில் சுடுவதானாலும், பெட்டியில் துருவில்லா பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் மூடி) என்று போட்டிருக்காவிட்டால் குளோரேட் பிரைமராக இருக்கலாம். அதன் உப்பு எண்ணெயில் கரையாது. சுட்ட அன்றே குழலில் கொதிநீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, அதன்பிறகே எண்ணெய்.