13 வயது மகளுக்கு இன்சுலின் பம்ப்: எங்கள் ஊரில் வைத்துச் சமாளிக்க முடியுமா?

களுவாஞ்சிக்குடித் தாய் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஏழு வயதில் முதலாம் வகை நீரிழிவு என்று கண்டறிந்தார்கள். இப்போது 13 வயது. காலையும் இரவும் கலவை இன்சுலின் போடுகிறோம். போட்ட ஊசிக்கு ஏற்றபடி நேரத்துக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும் என்பதால், வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்குக்குப் போனாலும் மற்றப் பிள்ளைகள் பூசை முடியும்வரை காத்திருக்க, இவளை மட்டும் ஓரமாகக் கூட்டிச்சென்று சோறு கொடுக்க வேண்டியிருக்கிறது. விடியற்காலையில் இரத்தச் சீனி 250ஐத் தாண்டுகிறது. அதே நாளில் பள்ளிக்கூடத்தில் பதினொரு மணியளவில் 60க்கு இறங்குகிறது.

கனடாவில் இருக்கும் என் அக்கா ஒரு இன்சுலின் பம்ப் வாங்கி அனுப்புவதாகச் சொல்கிறார். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை, சரி என்று சொல்லவும் பயமாக இருக்கிறது. கச்சான் காற்றுக் காலத்து வெக்கையில் மருந்து பழுதாகாதா? கிணற்றடியில் எப்படிக் குளிப்பது? மாரியில் வெள்ளம் வந்து பாதை அடைபட்டால் என்ன செய்வது? பாவித்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

கல்முனையிலிருந்து ஒரு தம்பி எழுதியது:

அக்கா, நான் நான்கு வருடமாகப் பம்ப் பாவிக்கிறேன். நல்லதையும் கெட்டதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

பம்ப் என்பது உடம்பில் அணிந்துகொள்ளும் சிறு கருவி. அதற்குள் விரைவாக வேலை செய்யும் இன்சுலின் ஒன்றை மட்டுமே நிரப்புவோம். அது மணித்தியாலத்துக்கு இத்தனை அலகு என்று சிறிது சிறிதாக நாள் முழுவதும், தோலுக்குள் செருகிய மென்குழாய் வழியாக உடலுக்குள் போய்க்கொண்டிருக்கும். சாப்பிடும்போது, உணவிலுள்ள மாச்சத்தைக் கணக்கிட்டு, அதற்கான அளவை நாமே பொத்தானை அழுத்திக் கொடுக்க வேண்டும். முதலாவதைப் பேசல் என்றும் இரண்டாவதைப் போலஸ் என்றும் சொல்வார்கள். எனக்குப் பகலில் மணித்தியாலத்துக்கு 0.6 அலகு போகிறது; விடியலில் சீனி ஏறுவதால் அதிகாலை மூன்று மணியிலிருந்து 0.85 ஆக வைத்துத் தந்திருக்கிறார்கள். உங்கள் மகளின் வயதில் வளர்ச்சிக்கான சுரப்புகள் விடியற்காலையில் சீனியை ஏற்றுவது வழக்கம். அந்த நேரத்துக்கு மட்டும் கூட்டிக் கொடுப்பது ஊசியில் எளிதல்ல, பம்பில் முடியும். சாப்பாடு பிந்தினாலும், பேசல் அளவு சரியாக இருந்தால் சீனி இறங்காது. சடங்கு முடியும்வரை மகளும் மற்றவர்களோடு காத்திருக்கலாம்.

பிட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேங்காய்ப்பூவும் பால்சொதியும் சேர்ந்தால் சீனி உடனே ஏறாமல் இரண்டு மூன்று மணித்தியாலம் கழித்து ஏறும். முழு அளவையும் சாப்பிடும்போதே கொடுத்தால் எனக்கு முதலில் இறங்கிப் பிறகு ஏறியது. இப்போது ஒரு பங்கை உடனேயும் மீதியை இரண்டு மணித்தியாலத்துக்குப் பரப்பியும் கொடுக்கிறேன். இந்த வசதியைக் கண்டபிறகுதான் பம்பைக் கழற்ற மனம் வராமல் போனது.

ஆனால் ஒன்றை ஒருபோதும் மறக்கக் கூடாது. பம்ப் பாவிப்பவரின் உடலில் நீண்டநேர இன்சுலின் சேமிப்பு எதுவும் இல்லை. பம்ப் நின்றால் சில மணித்தியாலங்களில் இன்சுலினே இல்லாத நிலை வந்துவிடும். முதல் வருடம் மார்கழி மழை இரவொன்றில், தோலுக்குள் இருக்கும் மென்குழாய் மடங்கிப்போனது எனக்குத் தெரியவில்லை. பேசல் அளவு சிறியது என்பதால் அடைப்புக்கான எச்சரிக்கை ஒலிக்கவும் நேரமெடுத்தது. படுக்கும்போது 140 இருந்த சீனி விடியும்போது 420. வாந்தியும் மூச்சிரைப்புமாக என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அன்றிலிருந்து, காரணமில்லாமல் 250க்கு மேல் போய், அதை இறக்குவதற்கான திருத்த அளவு கொடுத்து ஒரு மணித்தியாலம் கழித்தும் இறங்காவிட்டால், பம்பை நம்பமாட்டேன். பேனா ஊசியால் கையாலேயே போட்டுவிட்டு, செட்டை, அதாவது மென்குழாயையும் அதைப் பம்போடு இணைக்கும் குழாயையும், புதிதாக மாற்றி, சிறுநீரில் கீற்றோன் (இன்சுலின் போதாதபோது உடலில் சேரும் அமிலம்) பார்ப்பேன்.

ஓய்வுபெற்ற தாதி, மட்டக்களப்பு, எழுதியது:

மகளே, தம்பி எழுதியதெல்லாம் சரி. நான் கேட்க வேண்டியது வேறு. உங்கள் அக்கா கருவியை ஒருமுறைதான் அனுப்புவார். அதற்கான செட்டை யார், எத்தனை காலத்துக்கு அனுப்பப் போகிறார்கள்? மென்குழாயை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றிப் போட வேண்டும். மூன்று நாளுக்கு ஒன்று என்றாலே வருடத்துக்கு 120க்கு மேல் வரும். மடங்குவது, கழன்று விழுவது எல்லாம் சேர்த்தால் 150 வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரு பம்பின் மருந்து நிரப்பும் குழலும் செட்டும் இன்னொரு பம்புக்குப் பொருந்தாது. சீனியைத் தானே அளக்கும் சென்சர் வேண்டுமென்றால் அது தனிச் செலவு. சென்சர் இல்லாத பம்புக்கு மகளின் சீனி எவ்வளவு என்பதே தெரியாது, விரலில் குத்தித்தான் பார்க்க வேண்டும். ஆகவே எந்த வகைப் பம்ப், அதன் செட் எங்கே, என்ன விலைக்குக் கிடைக்கும், விரைவு இன்சுலினை உங்கள் மருந்தகம் தொடர்ந்து எடுத்துத் தருமா என்பதை அறியாமல் பெட்டியைப் பிரிக்க வேண்டாம். பிறர் பாவித்த பம்பாக இருந்தால், பழையவருடைய அளவுகளை முழுதாக அழித்து, வைத்தியரே புதிதாகப் பதிய வேண்டும். ஊசியில் போட்ட மொத்த அளவைச் சற்றுக் குறைத்தே வழக்கமாகத் தொடங்குவார்கள். வீட்டில் வைத்து நீங்களே தொடங்கிவிடாதீர்கள்.

வெக்கையைப் பற்றி: பம்புக்குள் இருக்கும் இன்சுலின் 37 பாகைக்கு மேல் சூடாகக் கூடாது. கச்சான் வீசும் மாதங்களில் மோட்டார் சைக்கிளில் போகும்போது பம்பை உடைக்கு உள்ளேயே வைக்க வேண்டும், வெயில் நேரே படக்கூடாது. சீனி இறங்காமல் இழுபட்டால் மூன்றாம் நாளுக்குக் காத்திராமல் இரண்டாம் நாளே குழலையும் செட்டையும் மாற்றுவது நல்லது. வியர்வையில் ஒட்டுப்பட்டி கழலும். தோலை ஸ்பிரிட்டால் துடைத்து, முழுதாகக் காய்ந்த பிறகு ஒட்டினால் நிற்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் தோலுக்குக் கீழே கட்டி விழுந்து மருந்து ஒழுங்காக உறிஞ்சப்படாது. வயிறு, தொடை, இடுப்பின் பின்புறம் என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

குளிக்கும்போது கழற்றி வைக்கலாம், ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. பாசிக்குடாக் கடலுக்குப் போனால் பிள்ளை கரையேற மறுப்பாள், அங்கேதான் கவனம்.

வெள்ளத்துக்கு வருகிறேன். 2011 ஜனவரி வெள்ளத்தில் ஊர்கள் துண்டிக்கப்பட்டுக் கிடந்ததை நீங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அப்படியான நாட்களில் மின்னேற்றும் பம்பைவிடக் கடையில் வாங்கும் பற்றரியில் ஓடும் பம்ப் உதவும். ஐப்பசி பிறக்கும்போதே பேனா ஊசி, நீண்டநேர இன்சுலின், கீற்றோன் பட்டி, பம்பில் உள்ள அளவுகள் முழுவதும் எழுதிய ஒரு தாள் ஆகியவற்றை நீர் புகாத பையில் கட்டி வையுங்கள். குளிர்சாதனப்பெட்டி நின்றால், பெரிய முட்டிக்குள் ஈரமணல் போட்டு, அதற்குள் சிறிய முட்டியை வைத்து, மருந்தை அதிலே வைக்கலாம்.

இன்னொன்று, மகளே. இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், பிள்ளை இதை விரும்புகிறாளா என்று எங்கும் எழுதவில்லை. இரவும் பகலும் உடம்பில் கட்டிக்கொண்டு திரியப் போகிறவள் அவள்தான்.

களுவாஞ்சிக்குடித் தாய் எழுதியது:

அம்மா, நீங்கள் கேட்ட பிறகுதான் அவளிடம் நேரே கேட்டேன். ஊசி குறையும் என்றதும் முகம் மலர்ந்தது. பிறகு, வெள்ளைச் சட்டைக்குள்ளால் அது தெரியுமா, பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

சம்மாந்துறை ஆசிரியை எழுதியது:

சகோதரி, எனக்கும் முதலாம் வகைதான், பம்போடுதான் வகுப்புக்குப் போகிறேன். மகளின் உள்பாவாடையின் இடுப்புப் பட்டிக்குக் கீழே, உட்புறமாக, பம்ப் இறுக்கமாக நிற்கும் அளவில் பருத்தித் துணியால் ஒரு பை தைத்து, குழாய் வெளிவர அதன் மேல் ஓரத்தில் பொத்தான் துளை அளவுக்கு ஒரு துளை விடுங்கள். குழாயில் மீதியை ஒரு வளையமாகச் சுற்றி வயிற்றில் ஒட்டுப்பட்டியால் ஒட்டினால், ஓடும்போது இழுபடாது. மடிப்பு வைத்த சீருடைக்கு மேலே ஒன்றும் தெரியாது.

வகுப்பாசிரியைக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: பிள்ளை நடுங்கி வியர்த்தால் சீனி பார்த்து, 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் பார்க்க வேண்டும், பம்ப் ஒலித்தால் அதைத் தொலைபேசி என்று நினைத்துப் பறிக்கக் கூடாது, சத்தியெடுத்தால் வீட்டுக்கு உடனே அறிவிக்க வேண்டும். இரண்டாவதை நான் சும்மா எழுதவில்லை, என் மாணவப் பருவத்தில் நடந்தது.

பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது என்பதற்கு, என் வகுப்பில் நானே முதல் நாள் அதை எடுத்துக் காட்டினேன். கையில் வைத்துப் பார்த்தார்கள், இரண்டு கேள்வி கேட்டார்கள், பிறகு கணக்குக்குத் திரும்பிவிட்டோம். மகள் விரும்பினால் அவளுடைய சிநேகிதி ஒருத்திக்கு மட்டும் முதலில் காட்டட்டும்.

களுவாஞ்சிக்குடித் தாய் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கருவியை அனுப்ப வேண்டாம், முதலில் அதன் பெயரையும் ஒரு வருடத்துச் செட்டின் விலையையும் அனுப்புங்கள் என்று அக்காவுக்கு எழுதிவிட்டேன். வரும் கிளினிக் நாளில் அந்த விபரத்தோடு வைத்தியரைச் சந்திக்கிறோம். மகள் தீப்பெட்டி ஒன்றை உள்பாவாடைக்குள் செருகி, இப்போது தெரிகிறதா என்று கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். ஆசிரியைக்கு ஒரு கேள்வி: அந்தப் பையை வலப்பக்கம் தைப்பதா, இடப்பக்கமா?

சம்மாந்துறை ஆசிரியை எழுதியது:

அவள் எந்தப் பக்கம் சரிந்து தூங்குகிறாளோ, அதற்கு மறுபக்கம் தையுங்கள். இரண்டு உள்பாவாடையில் தையுங்கள், ஒன்று துவைக்கப் போகும்.