அலுவலக நெட்வொர்க்குக்கு பிராக்ஸியும் ஃபயர்வாலும்: மாட்டிப் பார்த்தவர்கள் சொன்னவை

புதுக்கம்பி:

எங்கள் அலுவலகத்தில் எண்பது பேர் வேலை செய்கிறார்கள். வெளியே போக ஒரே வாசல், இணைய இணைப்போடு வந்த ரவுட்டர்தான். இனி இதை வைத்து ஓட்ட முடியாது, உள்ளே வெளியே போவதை விதிப்படி தடுக்கும் ஒழுங்கான ஃபயர்வால் ஒன்றும், கணினிகளுக்குப் பதிலாகத் தானே தளங்களிடம் கேட்டுத் தரும் பிராக்ஸி ஒன்றும் போடுங்கள் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. மூன்று விற்பனையாளர்கள் வந்து போனார்கள். தங்கள் பெட்டி ஒன்றே எல்லாவற்றையும் செய்யும் என்பதில் மூவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. பிராக்ஸி தனியாக எதற்கு என்று ஒருவர் சிரித்தேவிட்டார். தயாரிப்புப் பட்டியல் எனக்கு வேண்டாம், அது அவர்களிடமே நிறைய இருக்கிறது. வாங்கி மாட்டிய பிறகு உங்கள் இடத்தில் என்ன நடந்தது என்பதைச் சொல்லுங்கள்.

பழையசுவிட்ச்:

பிராக்ஸியிலிருந்தே தொடங்குகிறேன், அதைப் பற்றித்தான் பழைய நம்பிக்கைகள் அதிகம். ஸ்க்விட் என்ற பிராக்ஸி மென்பொருள் 1996இல் வந்தது. அந்தக் காலத்தில் அதைப் போட முதற்காரணம் கேஷ், அதாவது ஒருமுறை வந்த பக்கத்தின் நகலைச் சேமித்து வைப்பது. இணைப்பு மெல்லியதாக இருக்கும். பத்துப் பேர் ஒரே பக்கத்தைத் திறந்தால் ஒன்பது பேருக்கு உள்ளே இருக்கும் நகலே போதும். நான் பொறுப்பேற்ற ஓர் அலுவலகத்தில் இந்த எண்ணம் அப்படியே உறைந்து கிடந்தது. கேஷுக்கென்று வரிசையாக வன்தட்டுகள், இன்னும் இரண்டு வேண்டும் என்று ஒரு கோரிக்கைக் கடிதம் வேறு. பதிவுக் கோப்பைத் திறந்தேன். வரிக்கு வரி 'டிசிபி டனல்'. அதாவது எல்லாமே எச்டிடிபிஎஸ், மறையாக்கம் செய்த இணைப்புகள். பிராக்ஸிக்கு அங்கே உறை மேல் இருக்கும் முகவரி மட்டுமே தெரியும். உள்ளே இருக்கும் கடிதத்தைப் படிக்கவும் முடியாது, நகலெடுத்து வைக்கவும் முடியாது. கேஷிலிருந்து போனவை சில மென்பொருள் புதுப்பிப்புக் கோப்புகள் மட்டுமே. வன்தட்டுக் கோரிக்கையைக் கிழித்துப் போட்டோம்.

அப்படியானால் பிராக்ஸியே வேண்டாமா? வேண்டும், ஆனால் வேகத்துக்காக அல்ல. எந்த ஆள் எந்தத் தளத்துக்குப் போனார் என்று பெயரோடு பதிவு வேண்டும், கணக்குப் பிரிவுக்கு ஒரு விதியும் மற்றவர்களுக்கு வேறு விதியும் வேண்டும் என்றால் அங்கேதான் அதற்கு வேலை இருக்கிறது. ஃபயர்வால் இயல்பாக ஐபி முகவரியைப் பார்க்கிறது. பிராக்ஸி ஆளைக் கேட்கிறது. உங்கள் நிர்வாகம் எதைக் கேட்கிறது என்று முதலில் எழுதி வாங்குங்கள்.

அடுத்து ஃபயர்வால் விவரத்தாள். முதல் வரியில் பெரிய எழுத்தில் ஒரு வேகம் போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் 1518 பைட் அளவுள்ள பெரிய யுடிபி பாக்கெட்டுகளை (வந்து சேர்ந்ததா என்று பாராமல் அனுப்பும் தரவுத் துண்டுகளை) விட்டு எடுத்த அளவு, உள்ளே என்ன இருக்கிறது என்ற எந்தப் பரிசோதனையும் இல்லாமல். ஒரு ஜிகாபிட் கம்பியை அந்த அளவில் நிரப்ப நொடிக்கு 81,000 பாக்கெட்டுகள் போதும். அதையே 64 பைட் பாக்கெட்டுகளால் நிரப்பினால் 14.88 லட்சம். பெட்டி திணறுவது பாக்கெட்டுகளின் எண்ணிக்கையில்தான். அலுவலகப் போக்குவரத்து இவ்விரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. தாளின் அடியில் 'அச்சுறுத்தல் பாதுகாப்பு' என்று இன்னொரு வேகம் இருக்கும். முதல் எண்ணில் சிறு பங்குதான். வாங்குபவர் பார்க்கவேண்டியது அந்த வரி. மறையாக்கத்தைப் பிரித்துப் பார்க்கும் வேகம் அதற்கும் கீழே இருக்கும், அல்லது அச்சிடவே மாட்டார்கள்.

நாங்கள் ஒரு பெட்டியை முன்னோட்டத்துக்கு வாங்கி, எல்லாப் பரிசோதனைகளையும் இயக்கி, வேலை உச்சத்தில் இருக்கும் நேரத்தில், கோப்புகளின் காப்புநகல் ஓடிக்கொண்டிருக்கும்போதே வைத்துப் பார்த்தோம். விற்பனையாளருக்கு இது பிடிக்கவில்லை. அடுத்த மாதம் உயர்ந்த ரகம் ஒன்றைச் சிபாரிசு செய்தார். ஆக, அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

கணக்கறை:

மறையாக்கத்தைப் பிரித்துப் பார்ப்பது பற்றிப் பழையசுவிட்ச் ஒரு வரியோடு நிறுத்திவிட்டார். எங்களுக்கு உயிர் போனது அங்கேதான்.

அது நடக்கும் விதம் இதுதான்: ஃபயர்வால் நடுவில் நின்று தளத்தின் சான்றிதழுக்கு, அதாவது அதன் அடையாளச் சீட்டுக்கு, பதிலாகத் தான் உருவாக்கிய சான்றிதழைப் பிரவுசரிடம் நீட்டுகிறது. அதைப் பிரவுசர் நம்பவேண்டுமென்றால் ஃபயர்வாலின் மூலச் சான்றிதழ் ஒவ்வொரு கணினியிலும் இருக்கவேண்டும். டொமைனில் (ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் குழுவில்) சேர்ந்த விண்டோஸ் கணினிகளுக்கு, எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பை அனுப்பும் குழுக்கொள்கை வழியாக ஒரே நாளில் அனுப்பிவிடலாம். சிரமம் அதற்குப் பிறகு. வரி தாக்கல் செய்யும் மென்பொருள் தனக்கென்று ஒரு சான்றிதழ்ப் பட்டியலை வைத்திருந்தது. விண்டோஸ் எதை நம்பினாலும் அதற்குக் கவலையில்லை. வங்கிச் செயலிகள் தங்கள் சான்றிதழை உள்ளேயே பதித்து வைத்திருக்கின்றன, வேறெதையும் ஏற்பதில்லை. ஆண்ட்ராய்டு 7 முதல், பயனர் சேர்க்கும் சான்றிதழைச் செயலிகள் இயல்பாக நம்புவதில்லை. ஆகவே கைப்பேசிகளில் பிரவுசர் திறக்கும், செயலி திறக்காது. 'இணையம் இருக்கிறது, ஆனால் இல்லை' என்று புகார் வரும்.

விதிவிலக்குப் பட்டியல் வாரந்தோறும் நீண்டது. வங்கி, மருத்துவம், அரசுத் தளங்கள் எல்லாவற்றையும் தொடாமல் விட்டோம். இது தொழில்நுட்பக் காரணத்துக்காக மட்டும் அல்ல. ஊழியரின் மருத்துவ அறிக்கை எங்கள் பெட்டியில் வெறும் எழுத்தாகத் திறந்து கிடக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. இப்படிப் பார்க்கிறோம் என்பதை ஊழியர்களிடம் எழுத்தில் சொல்லிவிடுவதும் முறை. மைக்ரோசாஃப்ட் நிறுவனமே தன் 365 சேவைகளின் முக்கிய முகவரிகளைப் பிராக்ஸி வழியாகவும் மறையாக்கப் பிரிப்பு வழியாகவும் அனுப்பாதீர்கள் என்றுதான் அறிவுறுத்துகிறது. அவற்றையும் விலக்கிய பிறகு மிச்சமிருந்த போக்குவரத்து எவ்வளவு என்று பார்த்தோம். இதற்காகவா இவ்வளவு பெரிய பெட்டி என்று எங்கள் மேலாளர் கேட்டார். நியாயமான கேள்வி.

திறமூலம்:

பெட்டி விற்பவர்கள் சொல்லாத வழி ஒன்று இருக்கிறது. பிஎஃப்சென்ஸ், அதிலிருந்து 2015இல் பிரிந்த ஓபிஎன்சென்ஸ் இரண்டும் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் மேல் ஓடும் திறமூல ஃபயர்வால் மென்பொருள்கள். சாதாரணக் கணினியில் நிறுவலாம். எண்பது பேர் என்பது இவற்றுக்குப் பெரிய எண்ணிக்கையே அல்ல. ஒவ்வொரு இணைப்பையும் நினைவில் வைக்க ஏறக்குறைய ஒரு கிலோபைட் ஆகும். 8 ஜிபி நினைவகத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுத்தால்கூட எட்டு லட்சம் இணைப்புகள். எத்தனை பேர் என்று மட்டும் கேட்டு ரகம் சொல்லும் விற்பனையாளரிடம் எத்தனை இணைப்புகள் தாங்கும் என்று திருப்பிக் கேளுங்கள்.

நெட்வொர்க் அட்டையில் கஞ்சத்தனம் வேண்டாம். ஃப்ரீபிஎஸ்டியில் இன்டெல் அட்டைகள் ஒழுங்காக ஓடும், மலிவு ரியல்டெக் அட்டைகள் பாரம் ஏறும்போது மக்கர் செய்யும். எங்கள் இடத்தில் காரணமே தெரியாமல் இணைப்பு விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது; அட்டையை மாற்றியதும் நின்றது. இன்னொரு பெட்டியையும் பக்கத்தில் வைத்து கார்ப் முறையில் இணைத்தோம். ஒன்று படுத்தால் மற்றொன்று அதே முகவரியை ஏற்கிறது. ஒருமுறை மின்வழங்கி எரிந்துபோனது; பயனர்களில் யாரும் கவனிக்கவே இல்லை.

கதவுக்காவல்:

திறமூலம் சொல்வது சரிதான், அவர் அங்கே இருக்கும்வரை. அவர் வேலையை விட்டுப் போன மறுநாள் அந்த விதிகளை யார் படிப்பார்கள்? நான் சேர்ந்த இடத்தில் அப்படி ஒரு பெட்டி இருந்தது. நூற்றுக்கணக்கான விதிகள், ஒன்றுக்கும் விளக்கக் குறிப்பு இல்லை. நடுவில் 'தற்காலிகம்' என்ற ஒரே சொல்லோடு எல்லாவற்றையும் அனுமதிக்கும் விதி ஒன்று. விதிகளை மேலிருந்து படித்து, முதலில் பொருந்துவதோடு நிற்பது பெரும்பாலான ஃபயர்வால்களின் வழக்கம். ஸ்க்விட்டின் அனுமதி வரிகளும் அப்படித்தான். அந்தத் தற்காலிக விதிக்குக் கீழே இருந்தவையெல்லாம் வெறும் அலங்காரம்.

வாங்கும் பெட்டிக்கும் ஒரு கதை உண்டு. வேறோர் அலுவலகத்தில் சந்தா முடிந்த அன்று காலை ஒரு தளமும் திறக்கவில்லை. தளங்களை வகை பிரிக்கும் சேவை நின்றுபோனதால், வகை தெரியாததை எல்லாம் தடுத்துவிடு என்ற அமைப்பு தன் கடமையைச் செய்தது. பெட்டி வாங்கியவர்கள் சந்தாவை வேறு துறையின் செலவில் எழுதியிருந்தார்கள், அந்தத் துறைக்கு அது என்னவென்றே தெரியாது. சேவை நின்றால் திறந்துவிடவேண்டுமா மூடிவிடவேண்டுமா என்பதை வாங்கும் அன்றே முடிவு செய்யுங்கள். சந்தா இல்லாவிட்டால் எது ஓடும், எது நிற்கும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். சிலவற்றில் சாதனத்தின் பாதுகாப்புத் திருத்தங்கள்கூடக் கிடைக்காது.

இரவுமுறை:

எங்கள் வேதனை வேறு வகை. காணொளித் தளம் ஒன்றைத் தடுத்தோம். ஒரு பிரவுசரில் தடுக்கப்பட்டது, இன்னொன்றில் ஜம்மென்று ஓடியது. பிரவுசர் தளத்தோடு பேசும் புதிய முறையான க்விக் நெறிமுறைதான் காரணம். 2021இல் தரமாக்கப்பட்ட அது யுடிபி 443 வழியாக, அதாவது யுடிபியின் 443ஆம் போர்ட் (வாசல் எண்) வழியாகப் போகிறது. வந்து சேர்ந்ததை உறுதி செய்துகொள்ளும் டிசிபியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் வடிகட்டி அதைக் காணவே இல்லை. யுடிபி 443ஐ மூடியதும் பிரவுசர்கள் பேசாமல் டிசிபிக்குத் திரும்பிவிட்டன. தளப் பெயருக்கு ஐபி முகவரி கேட்கும் டிஎன்எஸ் கேள்விகளை எச்டிடிபிஎஸ்ஸுக்குள் மறைத்து அனுப்புவதும் இதே போன்ற ஓட்டை. டிஎன்எஸ் கேள்வியை மட்டும் பார்த்துத் தடுக்கும் ஏற்பாட்டை அது தாண்டிவிடும்.

அதே சமயம் எல்லா யுடிபியையும் மூடிவிடாதீர்கள். காணொளிக் கூட்டங்கள் அதில்தான் நன்றாக ஓடுகின்றன. அவற்றைப் பிராக்ஸிக்குள் தள்ளினால் டிசிபியாக மாறி, தொலைந்த பாக்கெட்டுக்காகக் காத்து நின்று, குரல் விட்டுவிட்டுக் கேட்கும். இணையத் தொலைபேசி வைத்திருந்தால் ஃபயர்வாலில் 'சிப் ஏஎல்ஜி' என்றொரு உதவி வசதி இருக்கிறதா என்று பாருங்கள். பேசுபவர் குரல் ஒரு பக்கம் மட்டும் கேட்டால் முதலில் அதை அணைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். பெரும்பாலும் அத்தோடு சரியாகிவிடும்.

புதுக்கம்பி:

நன்றி. இவ்வளவும் படித்த பிறகு கேள்வி ஒன்றாகச் சுருங்கிவிட்டது. நிர்வாகத்திடம் கேட்டேன், ஆள் பெயரோடு பதிவு வேண்டும் என்கிறார்கள், உள்ளடக்கத்தைப் பார்க்கத் தேவையில்லையாம். அப்படியானால் பிராக்ஸியை எல்லாக் கணினியிலும் வெளிப்படையாக அமைப்பதா, போகும் வழியில் யாருக்கும் தெரியாமல் பிடித்துக்கொள்வதா?

பழையசுவிட்ச்:

பெயர் வேண்டுமென்றால் வெளிப்படையாகத்தான். வழியில் பிடிக்கும் பிராக்ஸி பயனர் பெயரைக் கேட்கும் முறை பிரவுசர்களுக்குப் பொருந்தாது. தான் ஒரு பிராக்ஸியோடு பேசுகிறோம் என்பதே பிரவுசருக்குத் தெரியாதே. தானியங்கி அமைவுக் கோப்பு ஒன்றை எழுதி, உள்ளக முகவரிகளும் காணொளிக் கூட்டச் சேவைகளும் நேராகப் போக, மற்றவை ஸ்க்விட்டின் 3128 போர்ட்டுக்குப் போகும்படி வையுங்கள். பிறகு ஃபயர்வாலில் கணினிகள் நேராக 80, 443 போர்ட்டுகளில் வெளியே போவதை மூடுங்கள், நேராகப் போகவேண்டிய அந்தச் சேவைகளுக்கு மட்டும் வழிவிட்டு. இதைச் செய்யாவிட்டால் பிரவுசர் அமைப்பை ஒருவர் மாற்றிய நிமிடமே பதிவு பொய்யாகிவிடும்.

விண்டோஸ் டொமைனின் உள்நுழைவு முறையான கெர்பரோஸ் வைத்து அடையாளம் கேட்பதாக இருந்தால் எல்லாக் கணினிகளின் கடிகாரமும் ஒன்றாக ஓடவேண்டும். ஐந்து நிமிட வித்தியாசத்துக்கு மேல் போனால் அது ஏற்காது. எங்களிடம் ஒரு கணினி மட்டும் நாள் முழுக்கக் கடவுச்சொல் கேட்டுக்கொண்டே இருந்தது. தாய்ப்பலகையின் மின்கலம் தீர்ந்து கடிகாரம் பின்தங்கியிருந்தது.

கணக்கறை:

பதிவுக் கோப்புக்கு வட்டில் தனிப் பகுதி ஒதுக்குங்கள், பழையது தானே அழியும்படி சுழற்சியும் வையுங்கள். வட்டு நிறைந்து எழுத இடமில்லாமல் போனால் ஸ்க்விட் நின்றுவிடும்; அன்று எண்பது பேரும் உங்கள் மேசைக்கு வருவார்கள். எத்தனை நாள் பதிவு வைப்பது என்பதைச் சட்டம் தெரிந்தவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், வட்டின் அளவைப் பார்த்து அல்ல.

கதவுக்காவல்:

எந்தப் பெட்டி வாங்கினாலும் அதன் நிர்வாகப் பக்கம் வெளி இணையத்திலிருந்து திறக்கிறதா என்று வெளியிலிருந்து ஒரு கைப்பேசியில் பாருங்கள். நான் சோதித்த இடங்களில் திறந்தது கண்டிருக்கிறேன், அதுவும் பெட்டியோடு வந்த கடவுச்சொல்லோடு.

புதுக்கம்பி:

இன்று இரண்டு விற்பனையாளர்களிடம் முன்னோட்டப் பெட்டி கேட்டேன். சந்தா முடிந்தால் எது நிற்கும் என்ற கேள்வியையும் சேர்த்து அனுப்பினேன். ஒருவர் பெட்டியை அனுப்புகிறேன் என்றார். சிரித்தவர் இன்னும் பதில் போடவில்லை. பழைய கணினி ஒன்றில் ஸ்க்விட்டை நிறுவத் தொடங்கியிருக்கிறேன். அமைவுக் கோப்பில் சந்தேகம் வந்தால் பழையசுவிட்சைத்தான் பிடிப்பேன்.