பூன் மலைக்கு வந்த மொய்

2022 செப்டம்பர் 3. ராலேயிலிருந்து மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி, மலையில் இருக்கும் பூன் ஊருக்குப் போனோம். அப்பலாச்சியன் ஸ்டேட்டில் படிக்கும் மகளைப் பார்க்கத்தான் பயணம். மேட்ச் டிக்கெட்டை அவள்தான் தலையில் கட்டினாள். (நம்மூர் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது.) எதிரணி, இவர்களைவிடப் பெரிய அணியான நார்த் கரோலினா பல்கலைக்கழகம். 30,000 பேருக்கான ஸ்டேடியத்தில் அன்று 40,168 பேர்.

சேப்பல் ஹில்லில் இவர்களுக்கு இதைவிடப் பெரிய மைதானம் இருக்கிறதே, சொந்த ஊர் வசூலை விட்டுவிட்டு இங்கே எதற்கு வருகிறார்கள்? பக்கத்து சீட்டில் இருந்த பழைய மாணவரிடம் கேட்டேன். "ஒப்பந்தம் மூன்று ஆட்டத்துக்கு. 2019-இல் நாங்கள் அங்கே போனோம், அடுத்த வருஷமும் போவோம். நடுவில் ஒரு தடவை அவர்கள் இங்கே" என்றார். அட, நம்ம மொய்க் கணக்கு! என்ன, இரண்டு வைத்தால் ஒன்றுதான் திரும்பி வரும்.

மொய் இல்லையென்றால் ரொக்கம். அடுத்த வாரமே இதே அப்பலாச்சியன் ஸ்டேட், டெக்சஸ் ஏ அண்ட் எம் என்ற பெரிய பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் போய் ஆடியது. அதற்கு அவர்கள் கொடுக்கப் பேசிய தொகை 15 லட்சம் டாலர். (17-14 என்று ஜெயித்துவிட்டுக் காசையும் வாங்கி வந்தார்கள்.) இவ்வளவு கொட்டிக்கொடுப்பதற்கு, ஒரு தடவை பஸ் ஏறி வந்துவிட்டுப் போவது பெரிய கல்லூரிக்கு லாபம்தானே.

சரி, மேட்சுக்கு வருகிறேன். கடைசி குவார்ட்டர் தொடங்கும்போது 41-21, நார்த் கரோலினா முன்னால். பார்க்கிங் நெரிசலுக்குப் பயந்து கிளம்பலாம் என்றேன். நல்லவேளை, மகள் விடவில்லை. அந்த ஒரு குவார்ட்டரில் மட்டும் உள்ளூர் அணி 40 புள்ளி எடுத்தது! 31 வினாடி இருக்கும்போது 56-55. டச்டவுன் போட்டதும் கிடைக்கும் கூடுதல் வாய்ப்பில் ஒரு புள்ளி எடுத்துச் சமன் செய்யாமல் இரண்டுக்கு ஆசைப்பட்டுக் கோட்டைவிட்டார்கள். கடைசியில் 63-61, தோல்வி. எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

---

(இதைப் படித்த ஒருவரின் பதில்) அண்ணா, பெரிய அணி சின்ன அணியின் ஊருக்கு வருவதற்கு எங்கள் வர்ஜீனியா பக்கம் காரணமே வேறு. நீங்கள் பூனுக்குப் போனதற்கு முந்தின ராத்திரி நாங்கள் நார்ஃபோக்கில், ஓல்ட் டொமினியன் பல்கலைக்கழக மைதானத்தில் இருந்தோம். ஆட வந்தது பெரிய அணியான வர்ஜீனியா டெக். இந்தக் கடலோரப் பகுதிதான் அவர்களுக்கு ஆட்டக்காரர்கள் விளையும் வயல். டெக்கில் ஆடிப் பெயர் எடுத்த புரூஸ் ஸ்மித் நார்ஃபோக் பையன், மைக்கேல் விக் பக்கத்து ஊரான நியூபோர்ட் நியூஸ். டெக்கில் படித்தவர்களும் இங்கே ஏராளம். ஹைஸ்கூல் பையன்கள் கண்ணில் பட்டுவிட்டுப் போகத்தான் தங்கள் ஊரான பிளாக்ஸ்பர்க்கிலிருந்து இவ்வளவு தூரம் வருகிறார்கள்.

வந்த இடத்தில் வாங்கிக் கட்டிக்கொள்வது தனிக்கதை. 2018-இல் நாட்டிலேயே 13-ஆம் இடத்தில் இருந்துகொண்டு 49-35 என்று தோற்றார்கள். ஓல்ட் டொமினியன் அணியை மறுபடி தொடங்கியதே 2009-இல்தான்! நான் பார்த்த அன்றும் 20-17, தோல்வி. என் மேனேஜர் டெக்கில் படித்தவர். லேபர் டே லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை ஆபீஸ் வந்தவர் மேட்சைப் பற்றி மூச்சே விடவில்லை. நானும் கேட்கவில்லை, அப்ரைசல் நேரம்.