‘ஐ வான்ட் டு பிரேக் ஃப்ரீ’ சோலோ நிஜமாகவே கிட்டாரா?

ஆறாம்கம்பி:

குயீன் குழுவின் 1984 பாட்டு. நடுவில் வரும் சோலோவைக் கிட்டாரில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஸ்வரங்கள் எல்லாம் பிடிபட்டுவிட்டன, வேகமும் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் என்னுடையதைப் பதிவு செய்து பக்கத்தில் வைத்துக் கேட்டால் ஒட்டவே மாட்டேன் என்கிறது. அவர்களுடையதில் பிக் (கம்பியை மீட்டும் சிறு தகடு) கம்பியில் படும் சத்தமே இல்லை. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போகிறது. பிக்கைக் கீழே வைத்துவிட்டு விரலால் மீட்டிப் பார்த்தேன், டோன் குமிழை முழுக்க மூடிப் பார்த்தேன். மந்தமாகிறதே தவிர அந்த வழவழப்பு வரவில்லை.

நண்பன் ஒருவன் “அது கிட்டாரே இல்லடா” என்கிறான். பிரையன் மே மாதிரி கிட்டார்காரர் இருக்கிற குழுவில், சோலோவைப் போய் யாராவது கீபோர்டில் வாசிப்பார்களா? 1986 வெம்ப்ளி நிகழ்ச்சியில் அவர் கிட்டாரில் வாசிக்கிறாரே!

அப்படியே சிந்தசைசர் (மின்னணுவில் சத்தத்தை உண்டாக்கும் கருவி) என்றாலும், காதை மட்டும் வைத்துக்கொண்டு எப்படிக் கண்டுபிடிப்பது?

கறுப்புக்கட்டை:

உங்கள் நண்பர் சொன்னது சரி. ரெக்கார்டில் இருப்பது கீபோர்டுக்காரர் ஃப்ரெட் மேண்டல் வாசித்த ரோலண்ட் ஜூப்பிட்டர்-8 சிந்தசைசர். மேடையில் மே அதைக் கிட்டாருக்கு மாற்றி வாசித்தார். அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு ரெக்கார்டைக் கேட்பவர்களுக்கு அது கிட்டாராகவேதான் கேட்கும். கண் சொன்னதைக் காது அப்படியே நம்பிவிடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எழுபதுகளில் இதே குழு ஆல்பம் உறைகளில் “சிந்தசைசர் கிடையாது” என்று அச்சடித்துக்கொண்டிருந்தது. மே அடுக்கடுக்காகப் பதிவு செய்த கிட்டார்களை யாரும் கீபோர்டு என்று நினைத்துவிடக் கூடாதே என்று. 1980இல் ‘தி கேம்’ ஆல்பத்தில் ஓபர்ஹைம் சிந்தசைசர் உள்ளே வந்தது. அடுத்த நான்கு வருடத்தில் நிலைமை தலைகீழ்: கீபோர்டைக் கேட்டு ஊரே மேயைப் பாராட்டியது.

நான் ஒரு மேடைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவன். எங்கள் கிட்டார்காரர் ரிதம் மட்டும்தான் வாசிப்பார், சோலோ என்றால் ஒதுங்கிக்கொள்வார். அதனால் கிட்டார் சோலோக்கள் என் தலையில் விழும். ஆகவே இதைக் கேட்கிறவனாக இல்லாமல், செய்கிறவனாகச் சொல்கிறேன். கிட்டார் மாதிரி கேட்க வைப்பதில் சவுண்டுக்குப் பங்கு பாதிகூட இல்லை. இடது கைதான் விஷயம்.

கிட்டார்காரர் பெண்ட் செய்யும்போது என்ன நடக்கிறது? கீழ் ஸ்வரத்தை மீட்டி, கம்பியைத் தள்ளி மேல் ஸ்வரத்துக்குக் கொண்டுபோகிறார். கம்பியைத் தள்ளினால் சுருதி ஏறத்தான் செய்யும், இறங்காது. அதனால் நான் ‘சி’ வர வேண்டிய இடத்தில் வலது கையால் ‘பி ஃப்ளாட்’டை அழுத்துகிறேன், அழுத்திய கணமே இடது கையில் இருக்கும் சுருதி லீவரைத் தள்ளமாட்டேன். ஒரு மூச்சு பொறுத்து, கொஞ்சம் இழுபறியோடு, மேலே ஏற்றி நிறுத்துவேன். அங்கே போய் நின்றதும் உடனே அதிரவைக்கக் கூடாது. ஸ்வரம் நேராக நின்று, பிறகு மெல்ல ஆட ஆரம்பிக்க வேண்டும். அந்த ஆட்டத்தையும் மெஷினிடம் விடக் கூடாது. எல்.எஃப்.ஓ. (சுருதியைத் தானாக ஆட்டும் சுற்று) போட்டால் சுருதி மேலும் கீழும் ஒரே அளவில், ஒரே வேகத்தில், கடிகாரம் மாதிரி ஆடும். கிட்டார்காரர் விரலை ஆட்டும்போது ஸ்வரத்திலிருந்து மேலே போய்த் திரும்பி வரும். பெண்ட் செய்து பிடித்திருக்கும் ஸ்வரமென்றால் கொஞ்சம் தளர்ந்து கீழே போய்த் திரும்பும். நம் ஊர்க்காரர்களுக்குக் கமகம் என்றால் பாதி புரிந்துவிடும். ஸ்வரத்தைவிட, அதற்குப் போகிற வழிதான் ஆளைக் காட்டிக்கொடுக்கிறது.

அப்புறம் வலது கை. ஒரு நேரத்தில் ஒரு கட்டைதான். விரல் பழக்கத்தில் பியானோக்காரன் வாசிக்கிற ஆர்பெஜியோ (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களைப் பிரித்து ஒவ்வொன்றாக வாசிப்பது) ஒன்று நுழைந்தால் போச்சு, வேஷம் கலைந்துவிடும். கிட்டாரில் கைக்கு எட்டுகிற இடைவெளிகள், கிட்டார்காரர் மூச்சு விடுகிற இடங்கள், இவற்றுக்குள்ளேயே நிற்க வேண்டும்.

இந்த வித்தையின் ஆசான் கீபோர்டுக்காரர் யான் ஹாமர். பிராகில் பிறந்தவர். 1975இல் வெளிவந்த தன் ‘தி ஃபர்ஸ்ட் செவன் டேஸ்’ ஆல்பத்தில், இதில் கிட்டாரே இல்லை என்று குறிப்பு போட வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 1976இல் கிட்டார்காரர் ஜெஃப் பெக்கின் ‘வயர்டு’ ஆல்பத்தில் ‘புளூ விண்ட்’ என்று ஒரு டிராக். ஹாமரின் மினிமூக் சிந்தசைசரும் பெக்கின் கிட்டாரும் மாறி மாறிப் பேசிக்கொள்ளும். அதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, யார் எங்கே முடிக்கிறார், யார் எங்கே ஆரம்பிக்கிறார் என்று தாளில் குறித்துப் பாருங்கள். உங்கள் கேள்விக்கு அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. 1985 நவம்பரில் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்த ‘மயாமி வைஸ்’ தொலைக்காட்சித் தொடரின் இசையும் இவருடையதுதான். அதில் சீறுகிற கிட்டாரும் கீபோர்டு.

டேப்ஹிஸ்:

கறுப்புக்கட்டை அண்ணன் கையைப் பற்றியே பேசிவிட்டார். ஸ்பீக்கருக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்.

நான் ஒலிப்பதிவு பக்கம். சிந்தசைசரை நேரே ஒலிக்கலவை கன்சோலில் செருகினால் உச்ச அதிர்வெண்கள் எல்லாம் பளபளவென்று வரும். கிட்டார் ஆம்பில் இருக்கிற 12 இன்ச் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று கைவிட்டுவிடும். நாம் “கிட்டார் சத்தம்” என்று பழகி வைத்திருப்பதே அந்த ஸ்பீக்கர் வெட்டிக் கொடுத்த சத்தத்தைத்தான். சிந்தசைசரின் சாடூத் (ரம்பப்பல் வடிவ) அலை ஒன்றை டிஸ்டார்ஷனில் (ஒலியை நசுக்கிக் கரகரப்பாக்குவது) விட்டு, அந்த ஸ்பீக்கர் வழியாக ஓட்டி, முன்னால் மைக் வையுங்கள். ஒற்றை ஸ்வரம் வாசிக்கிற வரைக்கும் சத்தியம் செய்தாலும் யாரும் கீபோர்டு என்று நம்பமாட்டார்கள்.

ஒற்றை ஸ்வரம் வரைக்கும் என்று சொன்னேன், கவனியுங்கள். இரண்டு ஸ்வரம் சேர்ந்தால் குட்டு வெளிப்படும். ஆம்பில் 220 ஹெர்ட்ஸும் 330 ஹெர்ட்ஸும் சேர்ந்து நசுங்கும்போது, வித்தியாசமான 110 புதிதாகப் பிறக்கிறது. பவர் கார்டு (இப்படிப்பட்ட இரண்டு ஸ்வரச் சேர்க்கை) அத்தனை கனமாக இருப்பதற்குக் காரணம் அதுதான். அதே இடத்தில் மேஜர் தேர்டு (ஸட்ஜம் – அந்தர காந்தாரம் இடைவெளி) வைத்தால் சேறு மாதிரி குழம்பும். யமஹா டிஎக்ஸ்7 (1983) மாதிரி சிந்தசைசர்களில் ‘டிஸ்டார்ஷன் கிட்டார்’ என்று புரோகிராம் செய்கிறார்களே, அங்கே ஒவ்வொரு கட்டையின் கரகரப்பும் தனித்தனியாக உண்டாகிறது. ஒன்றோடு ஒன்று மோதுவதே இல்லை. அதனால் எத்தனை கட்டை அழுத்தினாலும் கார்டு சுத்தமாக, ஒவ்வொரு ஸ்வரமும் எண்ணிப் பார்க்கும்படி கேட்கும். கரகரப்பும் இருந்து சுத்தமும் இருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்.

ஆறாம்கம்பி:

அருமை. ‘புளூ விண்ட்’ கேட்டேன். பாதி இடத்தில் திணறல்தான்! ஒரு சந்தேகம்: இரண்டு கம்பியை மீட்டி ஒன்றை மட்டும் பெண்ட் செய்கிறோமே, கீபோர்டில் அது முடியாதில்லையா? லீவர் எல்லாவற்றையும் சேர்த்துத்தானே இழுக்கும்? அதை வைத்தே முடிவு செய்துவிடலாமா?

இரும்புக்காது:

அவசரப்பட வேண்டாம் நண்பரே. எண்பதுகளில் கிட்டார் சிந்தசைசர் என்று ஒரு பிராணி இருந்தது. ரோலண்ட் ஜிஆர்-300இல் ஒவ்வொரு கம்பிக்கும் தனி பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குவது), தனி ஆசிலேட்டர் (சத்தத்தை உண்டாக்கும் சுற்று). ஒரு கம்பியை மட்டும் தள்ளினால் அந்த ஒரு குரல் மட்டும் ஏறும். கேட்பது சிந்தசைசர், வாசிப்பது கிட்டார்காரர். அப்போது உங்கள் சோதனை என்ன சொல்லும்?

தி போலீஸ் குழுவின் ‘டோன்ட் ஸ்டாண்ட் சோ க்ளோஸ் டு மீ’ (1980) நடுப்பகுதியில் பரந்து விரிகிற அந்தச் சத்தம் ஆண்டி சம்மர்ஸின் ரோலண்ட் கிட்டார் சிந்தசைசர். கீபோர்டு என்றுதான் பலரும் நினைப்பார்கள். 1986இல் எங்கள் மெட்டல் ஆட்களே அந்தப் பக்கம் சாய்ந்தார்கள்: ஜூடாஸ் ப்ரீஸ்ட் ‘டர்போ’, அயர்ன் மெய்டன் ‘சம்வேர் இன் டைம்’. இரண்டுக்கும் ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். ‘டர்போ’வுக்கு நான் இன்றைக்கும் சுளிக்கிறேன், அது வேறு கதை.

சிந்தசைசரே இல்லாமல் ஏமாற்றியதும் உண்டு. யெஸ் குழுவின் ‘ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்’ (1983) சோலோவைக் கேளுங்கள். டிரெவர் ராபின் வாசித்த கிட்டார்தான், ஆனால் பிட்ச் மாற்றும் கருவி ஒன்று ஐந்தாம் ஸ்வரத்தைக் கூடவே ஒட்டிக்கொண்டு போகிறது. அதனால் கீபோர்டு வாடை அடிக்கும்.

கறுப்புக்கட்டை:

இரும்புக்காது சொல்வது நியாயம். ஆனால் ஆறாம்கம்பியின் சோதனையைத் தூக்கி எறிய வேண்டாம், பக்கத்தில் இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். டிரெமலோ பார் (எல்லாக் கம்பிகளையும் தளர்த்தும் கைப்பிடி) இருக்கிற கிட்டாரில் கார்டு பிடித்து பாரை அழுத்தினால் எல்லாக் கம்பியும் இறங்கும், ஆனால் ஒரே அளவு இறங்காது. கம்பிக்குக் கம்பி கனம் வேறு, இழுவை வேறு. கார்டு போகும் வழியில் சுருதி பிசகிக்கொண்டே போகும். சிந்தசைசர் லீவரில் கார்டு முழுதும் ஒரே அளவில், லிஃப்ட் மாதிரி இறங்கும். பிசகுகிறதா, பிசகாமல் போகிறதா என்று கேளுங்கள்.

ஒற்றை ஸ்வர சோலோவில் இது எதுவும் உதவாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஃப்ரெட் மேண்டல் மாதிரி ஆள் வாசித்தால் கையும் காட்டிக்கொடுக்காது. அங்கே மிச்சம் இருக்கிற ஒரே தடயம் நீங்களே முதலில் கவனித்ததுதான்: ஸ்வரத்தின் ஆரம்பம். பிக் படும் கிளிக், கம்பியில் விரல் உரசும் கிறீச், பக்கத்துக் கம்பி லேசாக முனகுவது. கிட்டார்காரர்கள் இவற்றை மறைக்க எத்தனை பாடுபட்டாலும் எங்காவது ஓரிடத்தில் எட்டிப் பார்க்கும். சோலோ முழுக்க ஒன்றுகூட இல்லையென்றால் என் பந்தயம் கீபோர்டின் மேல்.

ஆறாம்கம்பி:

அப்போது நான் கிட்டாரில் அந்தச் சத்தத்துக்குக் கிட்டே போக வழியே இல்லையா?

டேப்ஹிஸ்:

ஈபோ (கம்பிக்கு மேலே கையில் பிடிக்கும் சிறு மின்கருவி) இருந்தால் எடுங்கள். பிக்கே வேண்டாம், காந்தமே கம்பியை ஆட்டிக்கொண்டிருக்கும், ஆரம்பக் கிளிக் போய்விடும். கழுத்துப் பக்க பிக்கப், டிஸ்டார்ஷனுக்கு முன்னால் கம்பிரெஸர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது). ட்ரெபிள் (உச்ச அதிர்வெண்கள்) குறைப்பதை மட்டும் நிறுத்துங்கள், நீங்கள் டோன் குமிழை மூடியபோது மந்தமாகப் போனதற்கு அதுதான் காரணம். ஜூப்பிட்டர் சத்தத்தில் உச்சம் இருக்கிறது, கிளிக்தான் இல்லை.

கறுப்புக்கட்டை:

ஈபோ ஒரு நேரத்தில் ஒரு கம்பியில்தான் வேலை செய்யும், கம்பி மாறும்போது தடுமாறும். அதனால் சோலோவைக் கூடியவரை ஒரே கம்பியில், கழுத்து நெடுக மேலும் கீழும் போகிற மாதிரி விரல் வைத்துப் பாருங்கள். கை வலிக்கும், ஆனால் வழுக்கல் தானாக வந்துவிடும். பதிவு செய்தால் இங்கே போடுங்கள், இரும்புக்காது எதிலாவது குறை கண்டுபிடிப்பார்.