அரிவாள் செல், பிறந்த தேதி, ஒரு தாயின் கேள்வி: தரவுப் பயிற்சியில் இன்னும் உறுத்துவது எது?

கூடலூர் மழை:
ஊட்டியில் குழந்தை மருத்துவர்களுக்கான பயிற்சி, இரண்டாம் நாள். எல்லாருக்கும் பெயர் நீக்கிய ஒரே வி.சி.எஃப். கோப்பு, அதாவது ஒருவரின் மரபணு மாற்றங்களை வரி வரியாகப் பட்டியலிடும் கோப்பு. இரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் வடிவில் வளைக்கும் அரிவாள் செல் நோயின் மாற்றம் இருக்கிறதா என்று பார்த்துத் தாளில் எழுத வேண்டும். பதினோராம் குரோமோசோம், 52,48,232-ஆவது எழுத்து என்று என் குறிப்பேட்டில் இருந்தது. தேடினேன், வரியே இல்லை. ‘இல்லை’ என்று எழுதினேன். பயிற்றுநர் பின்னால் வந்து நின்று, “டாக்டர், இது எந்தப் பதிப்பு?” என்று மட்டும் கேட்டார். கோப்பின் தலைப்பகுதிக்குப் போனால் ஜி.ஆர்.சி.எச். 38, மனித மரபணு வரைபடத்தின் ஒரு பதிப்பு. நான் வைத்திருந்தது 37-இன் எண். 38-இல் அதே எழுத்து 52,27,002-இல் இருக்கிறது. 21,230 எழுத்துகள் தள்ளி! அங்கே போய்ப் பார்த்தேன்: 1/1. அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் மாற்றம். கைவிரல்கள் வீங்கி, தொட்டாலே அலறும் பச்சைக் குழந்தைகளை வார்டில் பார்த்தவன் நான். அந்த ‘இல்லை’யை அடித்து எழுதிய தாளை இன்னும் தூக்கிப் போட மனம் வரவில்லை.

கோத்தகிரி சிஸ்டர்:
எனக்கு மரபணு அளவுக்கெல்லாம் போகவில்லை, எக்செல்தான். ஒரு பையன் பிறந்தது 05/02/2023, அதாவது பிப்ரவரி 5. கணினி அமெரிக்க முறையில் மே 2 என்று எடுத்துக்கொண்டது. நாங்கள் அளந்த அன்று அவனுக்குச் சரியாக இரண்டு வயது, உயரம் 80 செ.மீ. கணக்கில் 21 மாதம் என்று வந்தது. 21 மாதத்துக்கு உலக சுகாதார நிறுவன அட்டவணையில் −2 கோடு, அதற்குக் கீழே போனால் வளர்ச்சி குன்றியதாகக் கணக்கு, 79.4. பையன் தேறிவிட்டான். இரண்டு வயதுக்கு அந்தக் கோடு 81.0. அவன் வளர்ச்சி குன்றியவன்! அளவுப் பலகையில் அவன் குதிகாலைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்தான். அளவு சரி, தேதிதான் தப்பு. மூன்று மாதம் அவன் பெயர் எங்கள் பட்டியலிலேயே வரவில்லை.

பழைய ஸ்டெதஸ்கோப்:
கூடலூர் மழை டாக்டர், மனத்தில் பட்டதைச் சொல்கிறேன். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. இரத்தப் பரிசோதனையில் தெளிவாகத் தெரிகிற நோய்க்கு மரபணுக் கோப்பைத் திறப்பானேன்? என் அனுபவம் சின்னது. பாடத்தில் இந்த நோய்க்கு டி.என்.ஏ. எழுத்து ‘ஏ’ ‘டி’யாக மாறுகிறது என்று படித்தோம். கோப்பில் ‘டி’ ‘ஏ’யாக மாறியிருந்தது. கோப்பு தப்பு என்று அரங்கமே திரும்பிப் பார்க்கச் சொல்லிவிட்டேன். டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளில் கோப்பு ஒன்றின் எழுத்தையே காட்டும்; அந்த மரபணு எதிர் இழையில் இருக்கிறது, அங்கே ‘ஏ’க்கு ஜோடி ‘டி’, அதனால்தான் அப்படி. யாருக்கும் இந்தத் தடுமாற்றம் வரக்கூடாது என்பதால் சொல்கிறேன், எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் பதிப்பு எண்ணைப் பாருங்கள். அடுத்தது இழை. பிறகு, புரதத்தில் மாறும் அமினோ அமிலத்தின் எண்: பழைய புத்தகங்களில் ஆறாவது இடம், புதிய முறையில் தொடக்கத்தில் வரும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தையும் எண்ணுவதால் ஏழாவது. இரண்டும் ஒன்றே, குழம்ப வேண்டாம். வி.சி.எஃப். கோப்பில் வரி இல்லாவிட்டால் மாற்றம் இல்லை என்று பொருளல்ல, அந்த இடம் சரியாகப் படிக்கப்படாமலும் போயிருக்கலாம். அந்த இடத்தைக் கருவி எத்தனை முறை படித்திருக்கிறது என்பதையும் பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் தொட வேண்டும். சிஸ்டர், தேதியில் மாதத்தை எழுத்தில் போடுங்கள். மரபணுப் பெயர்களையே எக்செல் தேதியாக்கிவிடுகிறது என்றுதான் 2020-இல் ‘மார்ச்1’, ‘செப்ட்2’ போன்ற பெயர்களை மாற்றினார்கள்.

கூடலூர் மழை:
ஐயா, வேறு ஊரில் இரத்தம் ஏற்றிக்கொண்டு மறுவாரமே மலைக்கு வரும் குழந்தைக்கு எச்.பி.எல்.சி. என்ன காட்டும்? இரத்தம் கொடுத்தவரின் ஹீமோகுளோபினும் அதில் கலந்திருக்குமே. எனக்கு அப்படி இரண்டு குழந்தைகள் வந்தார்கள். இந்தியாவில் இந்த நோயின் அடையாளம் முதலில் பதிவானதே 1952-இல், லேமனும் கட்புஷும் நம் நீலகிரிப் பழங்குடியினரிடம் செய்த ஆய்வில்தான். நாம் படிக்காமல் வேறு யார் படிப்பது?

பந்தலூர் பாதை:
இருவர் சொல்வதும் சரிதான். எனக்கு உறுத்துவது வேறு. பணியர் பழங்குடியினரின் பாடி (குடியிருப்பு) ஒன்றில் ஒரு தாய், மடியில் நான்கு வயதுப் பெண். பயிற்சிக்காக மாதிரி கேட்டுப் போயிருந்தேன். ஒப்புதல் படிவத்தைக் களப்பணியாளர் அவர்கள் மொழியில் சொல்லி முடித்ததும் அந்த அம்மா கேட்டார்: “என் பிள்ளையின் இரத்தம் எந்த ஊரில் இருக்கும்?” குழாய் கோயம்புத்தூர் போகும் என்றேன். “அதிலிருந்து எழுதி எடுப்பது?” என்றார். நான் வாயடைத்துப் போனேன்.

இரவு அறைக்கு வந்து, அதுவரை சேர்த்த அட்டவணையைத் திறந்தேன். பெயர் நீக்கிவிட்டோம் என்று பெருமையாக இருந்தோம். வயது, பாலினம், பாடியின் பெயர் மூன்றும் அப்படியே இருந்தன. பதினான்கு வீடுகள் உள்ள பாடியில் நான்கு வயதுப் பெண் எத்தனை பேர் இருப்பார்கள்? ஒருத்திதான். பாடிப் பெயர் இருந்த பத்தியை அழித்து வட்டம் என்று மட்டும் போட்டேன், வயதை ‘5-க்குக் கீழ்’ என்று ஆக்கினேன். பழைய பிரதி அதற்குள் மூன்று பேரின் மின்னஞ்சலுக்குப் போயிருந்தது. மூவரையும் அழைத்து அழிக்கச் சொன்னேன். இருவர் அழித்துவிட்டதாகச் சொன்னார்கள்.