பாப்பாவுக்கு ஜப்லா, அண்ணனுக்குத் தோள்துணி

குழு: நம்ம வீடு

மீனா, காலை 9:10
அண்ணி குழந்தைக்கு 16ஆம் நாள் பேர் வைக்கிறாங்க. நானே ஜப்லா தைக்கலாம்னு இருக்கேன். மிஷின் இருக்கு. என்ன துணி, எவ்வளவு வாங்கணும்?

திருப்பூர் சித்தி, 9:14
மல்மல் எடு, மெல்லிசான பருத்தித் துணி. பனியன் துணி வேணாம். அதுக்கு முனை மழுங்கின ஊசி தனியா வேணும். சாதா ஊசி இழையை அறுத்து ஓட்டை விழும். நேர் தையல் போட்டா துணி இழுபடும்போது நூல் பட்டுனு விட்டுடும்.

திருப்பூர் சித்தி, 9:15
44 இஞ்ச் அகலத்துல 1 மீட்டருக்கு 2 ஜப்லா வரும். மிச்சத்துல நாடாவும் பட்டியும் வெட்டிக்கலாம்.

பெரியம்மா, 9:21
எதுக்குடி புதுத்துணி? பழைய வேட்டி, வாயில் புடவை இருந்தா அதுதான் முதல் மாசத்துக்கு நல்லது. துவைச்சுத் துவைச்சு மெத்துனு இருக்கும்.

அத்தை, 9:26
மைனி சொல்றது சரி, ஆனா பாச்சை உருண்டை போட்டு வச்ச புடவையைத் தொடாதே மீனா. ஜி6பிடி குறை, அதாவது ரத்தச் சிவப்பணுவைக் காக்கற நொதி குறைவா இருக்கிற குழந்தைக்கு அந்த நெடியிலேயே ரத்தம் உடைஞ்சு மஞ்சள் காமாலை ஏறும். குறை இருக்கா இல்லையான்னு பிறந்த உடனே யாருக்குத் தெரியும்? அலசிட்டுப் போடலாம்னும் நினைக்காதே.

மீனா, 9:30
அப்ப புதுசே வாங்கிடறேன். வெட்டு அளவு?

டெய்லர் மாமா, 10:02
முதல்ல துணியைச் சுடுதண்ணியில ஒரு ராத்திரி ஊறவை. கஞ்சி போகணும், சுருங்கறது இப்பவே சுருங்கணும். காய்ஞ்சதும் இஸ்திரி போட்டுட்டு வெட்டு.

டெய்லர் மாமா, 10:09
ஒரு ஜப்லாவுக்கு 17 இஞ்ச் அகலம், 26 இஞ்ச் நீளம். தோள்ல மடி, நடுவுலயும் மடி. நாலு மடிப்பு ஆச்சா? நடு மடிப்புலேர்ந்து கழுத்து 2 இஞ்ச். பின்கழுத்து இறக்கம் அரை, முன்கழுத்து இரண்டரை. அதே நடு மடிப்புலேர்ந்து கை நுனி 8, மடிப்புத் தோள்லேர்ந்து கை அகலம் நாலரை. நடு மடிப்புலேர்ந்து மார்பு ஐந்தரை, அடி ஆறரை. தையல் போக மார்புச் சுற்று 20 வரும். பிறந்த குழந்தைக்குத் தொளதொளன்னுதான் இருக்கும். இருக்கட்டும், மூணு மாசம் போடலாம்.

டெய்லர் மாமா, 10:10
தோள்ல தையலே கிடையாது. பக்கத்துத் தையல் ரெண்டுதான். முன்பக்க நடுவை மேலேர்ந்து கீழே வரை வெட்டித் திற. தலை நிக்காத குழந்தைக்குக் கழுத்து வழியா மாட்டற சட்டை ஆகாது.

மீனா, 10:15
கடையில விக்கிறது பின்னால முடிச்சு போடற மாதிரி இருக்கே மாமா?

டெய்லர் மாமா, 10:17
மல்லாக்கப் படுக்கிற பிள்ளைக்கு முதுகுக்கு அடியில முடிச்சு உறுத்தாதா?

டெய்லர் மாமா, 10:25
பக்கத்துத் தையலை மட்டும் கவனமாக் கேளு. பிரெஞ்ச் தையல் தெரியும்ல, வெட்டின ஓரம் உள்ளே மறையற மாதிரி ரெண்டு தடவை தைக்கறது, அதைத் தலைகீழாப் போடணும். நல்ல பக்கம் ரெண்டும் ஒண்ணையொண்ணு பாக்க வச்சு கால் இஞ்ச்ல ஒரு தையல். ஓரத்தை அரைக்கால் இஞ்சா நறுக்கு. நல்ல பக்கம் வெளியே வர்ற மாதிரித் திருப்பி, மறுபடி கால் இஞ்ச்ல தையல். மேடு வெளியில நிக்கும், உடம்புல படற பக்கம் வழவழன்னு இருக்கும். சரியா நறுக்கலைன்னா ரெண்டாவது தையலைத் தாண்டி நூல் மீசை மாதிரி எட்டிப் பாக்கும். ஊசி 11 நம்பர், தையல் நீளம் 2.

மீனா, மதியம் 1:40
[படம்]
பழைய துணியில தைச்சுப் பாத்தேன். கை அடியில சுருங்கி இழுக்குது.

டெய்லர் மாமா, 1:52
அக்குள்ல மூலைமட்டமா வெட்டியிருக்கே. அங்க வளைவா வெட்டு, ஒரு காப்பி டம்ளர் வாயை வச்சு வரைஞ்சுக்கோ. நறுக்கினப்புறம் அந்த வளைவுல மட்டும் மூணு சின்ன வெட்டு கொடு, நூலைத் தொடாம.

திருப்பூர் சித்தி, 2:05
கழுத்துக்கும் முன்திறப்புக்கும் ஒண்ணேகால் இஞ்ச் கிராஸ் பட்டி, அதாவது துணியைச் சாய்வா வெட்டின பட்டி. நேர் பட்டி வச்சா கழுத்து விறைச்சு நிக்கும். பட்டியை உள்பக்கம் வச்சுத் தைச்சு வெளியே மடி.

திருப்பூர் சித்தி, 2:07
நாடா நாலு, ஒவ்வொண்ணும் 5 இஞ்சுக்கு மேல வேணாம். முதல் ஜோடி கழுத்துலேர்ந்து 2 இஞ்ச் கீழே, அடுத்தது அதுக்கு 3 இஞ்ச் கீழே. கழுத்துல கண்டிப்பா வேணாம், இறுக்கிடும். பட்டிக்குள்ள செருகி முன்னும் பின்னுமா மூணு தடவை ஓட்டு, அப்புறம் பலமா இழுத்துப் பாரு.

அத்தை, 2:11
பட்டன், மணி, லேஸ் எதுவும் வேணாம். கையுறையும் தைக்காதே. உள்ளே தொங்கற ஒரு இழை விரல்ல சுத்திக்கிட்டா வெளியில தெரியாது, விரல் வீங்கின பிறகுதான் தெரியும்.

பெரியம்மா, 2:20
கடுகுத் தலையணை ஒண்ணு தைச்சுடேன், தலை உருண்டையா வரும்.

அத்தை, 2:23
இப்ப ஒரு வயசு வரைக்கும் தலையணையே வேணாம்னுதான் டாக்டருங்க சொல்றாங்க மைனி. தூங்கற இடத்துல மெத்தைத் துண்டு, கனமான போர்வைகூட வேணாம்னு. மூச்சு முட்டிடுமாம்.

பெரியம்மா, 2:24
சரி சரி. அப்ப பெத்தவங்களுக்கு ஏதாவது தை.

திருப்பூர் சித்தி, 2:31
அண்ணனுக்குத் தோள்துணி ஆறு. பால் கக்கினா சட்டை தப்பிக்கும். 10க்கு 20 இஞ்ச், மேல மல்மல், அடியில டவல் துணி. டவல் அதிகமாச் சுருங்கும், ரெண்டையும் முதல்லயே துவைக்கலைன்னா முதல் சலவையிலேயே அப்பளமாச் சுருட்டிக்கும். தைக்கும்போது டவல் கீழ்ப்பக்கம் இருக்கட்டும், மிஷின் பல் இழுத்துக்கும். திருப்ப 3 இஞ்ச் விட்டுட்டுத் தை, திருப்பினதும் சுத்தி மேல்தையல் போட்டா அந்த வாயும் மூடிக்கும்.

மீனா, 2:36
அண்ணிக்கு?

டெய்லர் மாமா, 2:44
ரெடிமேட் நைட்டி வாங்கு. மார்புக்கு ரெண்டு பக்கமும் மடிப்புத் தையலைப் பிரிச்சு, பால் கொடுக்க 8 இஞ்ச் நைலான் ஜிப் வை. இரும்பு ஜிப் துருப்பிடிக்கும், குழந்தை கன்னத்தைக் கீறும். ஜிப்புக்குப் பின்னால ஒரு இஞ்ச் பட்டி வச்சுடு, அவளுக்கும் உரசாது.

மீனா, 2:50
ஜப்லா நாலு. 2 மீட்டர் மல்மல் சொல்லிடறேன்.

டெய்லர் மாமா, 2:51
தோள்துணி ஆறுக்கு மேல்துணி யாரு தருவா? மூணு மீட்டர் வாங்கு. குண்டூசி எத்தனை குத்தினேன்னு எண்ணி வச்சுக்கோ. எண்ணிக்கை சரியா வராம எதையும் பொட்டலம் கட்டாதே.