பொருள்: ஹார்ட்டெயிலுக்குத் தமிழ் – வன்வாலா, வில்லிலியா, கட்டையா?

பிரிக்பீல்ட்ஸிலிருந்து

மலேசியத் தமிழ்ச் சொற்குழுவினருக்கு வணக்கம்.

பட்டறைச் சொற்பட்டியலில் மோட்டார் சைக்கிள் பகுதி ஏறக்குறைய முடிந்துவிட்டது. 'ஹார்ட்டெயில்' மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. பின்சக்கரத்துக்கு அதிர்வைத் தாங்கும் அப்சோபரே கிடையாது, அச்சு நேராகச் சட்டகத்தில் பூட்டியிருக்கும். பாப்பர், சாப்பர் என்று வண்டியை உருமாற்றிக் கட்டுகிறவர்கள், பின்சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆடும் ஸ்விங்கார்மைக் கழற்றி எறிந்துவிட்டு முக்கோணமாகக் குழாய் வைத்துப் பற்றவைக்கிறார்களே, அந்த வண்டி.

கைவசம் மூன்று சொற்கள்: வன்வால், விறைவால், வில்லிலி. என் சாய்வு வில்லிலி பக்கம். வில் என்றால் ஸ்பிரிங். கம்பியிலி, முதுகெலும்பிலி என்று பழகிய அமைப்பு. வாலைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். 'ரைடிங் கம்ஃபர்ட்' என்பதற்குச் 'சவாரிச் சொகுசு' என்று எழுதி வைத்திருக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள்.

செந்தூலிலிருந்து

அக்கா, அந்த வண்டியில் தினமும் வேலைக்குப் போய் வந்தால் முதுகெலும்பிலி ஆவது ஓட்டுகிறவர்தான். சொல் பொருத்தம்தான், ஆனால் பட்டறையில் யார் வாயிலும் நுழையாது. வன்வாலும் வேண்டாம். நம் பேச்சில் 'வால்' என்றால் சேட்டை பண்ணும் பையன்.

பிறையிலிருந்து

> என் சாய்வு வில்லிலி பக்கம்.

நுழைகிறதோ இல்லையோ, அது தப்பான சொல். இந்த வண்டியில் வில் உண்டு. டயர்தான் வில். அதை மறைக்கும் பெயரை வைத்தால், இருக்கையை எப்படி அமைப்பது என்பதையும் தப்பாகவே புரிந்துகொள்வோம். கொஞ்சம் கணக்கு போட்டுக் காட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி 180 கிலோ, ஆள் 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பின்சக்கரத்தின் மேல் சுமார் 150 கிலோ விழும். பின்டயர் ஒரு மி.மீ. நசுங்க 150 நியூட்டன் அளவில் விசை வேண்டும். இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் பின்பகுதியின் இயல் அதிர்வெண், அதாவது ஒரு தட்டு தட்டிவிட்டால் அது தானாக ஆடும் வேகம், நொடிக்கு 5 முறை. உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு மேலும் கீழுமான ஆட்டத்தை மிக மோசமாக உணர்வது 4 முதல் 8 ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை முறை) வரை. முதுகெலும்பும் வயிறும் சேர்ந்து ஆடுவது அங்கேதான். ஆக, அப்சோபரை எடுத்ததும் வண்டி 'கெட்டி' ஆகிவிடவில்லை. நம் உடம்புக்கு ஆகவே ஆகாத வேகத்தில் ஆடும் ஒரு வில்லின் மேல் நம்மை உட்கார வைத்துவிடுகிறது. ஆட்டத்தைத் தணிக்க எண்ணெய் அப்சோபரும் கிடையாது. டயருக்குத் தன் ஆட்டத்தைத் தானே அடக்கும் குணம் மிகக் குறைவு.

வளைவுக்கும் சந்திப்புக்கும் முன்னால் தடிப்பாகப் பூசியிருக்கும் மஞ்சள் குறுக்குக் கோடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்குக் கோடு 3 மீட்டர் இருந்தால் 54 கி.மீ. வேகத்தில் நொடிக்குச் சரியாக 5 தடவை அடி விழும். வண்டி அங்கே குதிரை மாதிரி எகிறும். வேகத்தைக் குறைத்தாலும் கூட்டினாலும் அடங்கும். பினாங்குப் பாலத்தின் விரிவிணைப்புகள் தள்ளித் தள்ளி இருப்பதால் அங்கே ஒவ்வொன்றும் தனி அடி. இடுப்பில் சுருக்கென்று ஏறும், தொடர்ந்து எகிறாது.

காற்றைக் குறைத்தால் போதும் என்பார்கள். 32-லிருந்து 26 பிஎஸ்ஐக்கு இறக்கினால் டயர் ஐந்தில் ஒரு பங்கு மென்மையாகும், ஆனால் அதிர்வெண் 10 விழுக்காடுதான் இறங்கும். 5 என்பது 4.5 ஆகும், அவ்வளவுதான். அதற்கு மேல் இறக்கினால், கம்பி ரிம்மில் டியூப் போட்ட டயர் பிரேக் பிடிக்கும்போது ரிம்மின் மேல் வழுக்கும், வால்வு காம்பு சாயும், ஒரு நாள் அடியோடு கிழியும். காலையில் ஓட்டும் முன் வால்வு நிமிர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள், சாய்ந்திருந்தால் டயர் வழுக்கியிருக்கிறது. நிமிர்ந்திருந்தாலும் காற்றை அளவியில்தான் பார்க்க வேண்டும். காற்றை விடப் பக்கச்சுவர் உயரம்தான் பெரிய உதவி. 130/90-16 டயரின் பக்கச்சுவர் 117 மி.மீ.; அகலமாகத் தெரியும் 200/50 டயரில் 100 மி.மீ.தான்.

மிச்சமிருப்பது இருக்கை வில். அதற்கு ஒரே ஓர் எண் போதும்: ஆள் உட்கார்ந்ததும் இருக்கை எத்தனை மி.மீ. இறங்குகிறது? அதன் வர்க்கமூலத்தால் 16-ஐ வகுத்தால் இருக்கையின் அதிர்வெண். 40 மி.மீ. இறங்கினால் 2.5. டயரின் 5-இல் பாதி, ஆகவே டயரின் ஆட்டத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மேலே வரும். 12 மி.மீ. மட்டும் இறங்கினால் 4.6. டயரும் இருக்கையும் கைகோத்துக்கொண்டு ஆடும். வில்லே இல்லாத இருக்கையை விட மோசம். அழகுக்காகக் கட்டைக் குட்டையாக இரண்டு சுருள் வைக்கிறார்கள் பாருங்கள், பெரும்பாலும் இந்தக் கதைதான்.

இந்த 'இறங்குகிற அளவு'க்கு நம் பட்டியலில் சொல்லே இல்லை. ஹார்ட்டெயிலை விட இதுதான் அவசரம் என்பேன். 'அமிழ்வு' என்று முன்மொழிகிறேன்.

ஜார்ஜ்டவுனிலிருந்து

பிறை ஊர்த் தம்பி சொன்னதைப் படித்தபோது ஒன்று உறைத்தது. இந்த வேறுபாட்டுக்குத் தமிழில் ஏற்கெனவே சொல் இருக்கிறது, நாம்தான் தேடி அலைகிறோம். இருசுக்கும் கூண்டுக்கும் நடுவில் பட்டைவில் வைத்து ஆட்கள் ஏறிப் போவது வில்வண்டி. வில் இல்லாமல் மூட்டை ஏற்றுவது கட்டை வண்டி. மோட்டாருக்கு முன்பே மாட்டுக்கு வைத்த பெயர்கள்.

வில்லுக்கு எதிர்ச்சொல் 'இலி' அல்ல, 'கட்டை'. கட்டை வண்டியில் வைக்கோல் பரப்பி உட்காரலாம், அதனால் அது வில்வண்டி ஆகிவிடாது. அதே மாதிரி இருக்கையில் சுருள் வைத்தாலும் சட்டகம் கட்டைதான். தம்பியின் ஆட்சேபமும் இதில் தீர்ந்துவிடுகிறது. பின்பக்கம் மட்டும் வில் இல்லையென்றால் பின்கட்டை. முன்ஃபோர்க்கிலும் வில் இல்லாத மிகப் பழைய வண்டிகள் முழுக்கட்டை.

இதே தடத்தில் இன்னும் இரண்டு சொற்கள் சும்மா கிடைக்கின்றன. ட்ரையம்ஃப் 1940களின் கடைசியில் பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே (ஹப்) வில்லை அடைத்தது: அது குடவில். ஹார்லி-டேவிட்சன் 1984-இல் சாஃப்டெயில் என்று விற்கத் தொடங்கியது, பார்ப்பதற்குப் பின்கட்டை. அப்சோபர் கியர்பெட்டிக்கு அடியில் ஒளிந்திருந்தது. சாஃப்டெயில் அவர்களுடைய வணிகப் பெயர், பொதுச்சொல்லாக எடுக்க முடியாது. மறைந்த வில், ஆகவே 'மறைவில்' என்று வைத்துக்கொள்ளலாம்.

செந்தூலிலிருந்து

பின்கட்டை வாயில் நுழைகிறது ஐயா. "அண்ணே, பின்கட்டை வண்டி ஒண்ணு வந்திருக்கு" என்றால் யாருக்கும் விளக்க வேண்டாம்.

ஆனால் பட்டியலில் ஓர் எச்சரிக்கையும் சேருங்கள். ஸ்விங்கார்மை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு அப்சோபரையும் கழற்றி அந்த இடத்தில் இரும்புத் தண்டைப் பூட்டுவதும் நடக்கிறது. அது பின்கட்டை ஆகாது, அரைகுறை வேலை. அப்சோபரைச் சட்டகத்தில் பூட்டும் மேல்காது, வில் வழியாக மெதுவாக வரும் சுமைக்குச் செய்தது. தண்டு வைத்ததும் ஒவ்வொரு குழியும் சுத்தியல் அடி மாதிரி நேராக அந்தக் காதில் விழும். முதலில் காது வளையும், பிறகு ஸ்விங்கார்ம் புஷ் தளரும், கடைசியில் பின்குழாய் கிழியும். இதற்கு நான் 'முட்டுத்தண்டு' என்று பெயர் வைப்பேன், பட்டியலில் 'கூடாது' என்ற குறிப்போடு.

ஒழுங்காகப் பற்றவைத்த பின்கட்டையிலும் விரிசல் வரும் இடங்கள் தெரிந்தவைதான்: அச்சுத்தகடு குழாயோடு சேருமிடம், மட்கார்டு தாங்கி, பேட்டரிப் பெட்டியின் காது, எண்ணெய்த் தொட்டியின் பிடி. பெயின்ட் மேல் தலைமுடி அளவு கோடு, அதன் ஓரத்தில் காப்பி நிறத்தில் துருக் கசிவு. துணியால் துடைத்தாலும் மறுநாள் அதே இடத்தில் வந்து நிற்கும். அது பெயின்ட் வெடிப்பு அல்ல, உள்ளே இரும்பு பிளந்திருக்கிறது. பேட்டரி, தொட்டி, மட்கார்டு எல்லாவற்றையும் ரப்பர் புஷ் வைத்துப் பூட்டினால் பாதிப் பிரச்சினை போய்விடும். சட்டகக் காதைத் தடித்த தகட்டில் செய்வது தீர்வல்ல, விரிசல் தகட்டை விட்டுக் குழாய்க்கு நகரும். குழாயில் வந்தால் அதிகச் செலவு.

ஒரு நல்லதும் உண்டு. அச்சு நகராததால் செயின் இழுவிசை எந்தக் குழியிலும் மாறாது.

சட்டகத்தை வெட்டி ஒட்டினால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி வேண்டும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து

வில்லிலியை வாபஸ் வாங்குகிறேன். வில்வண்டி தோன்றாமல் போனதுதான் வெட்கம்.

புணர்ச்சி பற்றி யாராவது கேட்கும் முன் நானே கேட்டுவிடுகிறேன்: பின்கட்டையா, பிற்கட்டையா? காலத்தைச் சொல்லும்போது பிற்பகல், பிற்காலம் என்று திரிகிறது. இடத்தைச் சொல்லும்போது பின்கதவு, பின்கட்டு என்று திரியாமல்தான் வழங்குகிறோம். ஆகவே பின்கட்டை. எதிர்ச்சொல் மட்டும் விற்சட்டகம் என்று திரியும்.

சவாரிச் சொகுசிலும் எனக்கே இப்போது ஐயம். சொகுசு என்றால் மெத்தை, ஏசி நினைவுக்கு வருகிறது. பின்கட்டையில் யாரும் அதைத் தேடவில்லை, ஒரு மணி நேரம் ஓட்டி இறங்கினால் நிமிர்ந்து நடக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. 'சவாரி இதம்' என்று மாற்றலாமா?

ஜார்ஜ்டவுனிலிருந்து

மாற்றலாம். மேனிக்கு இதம், இடுப்புக்கு இதம் என்று உடம்போடு சேர்ந்து வரும் சொல் அது.

பிறையிலிருந்து

இதத்துக்கு என் ஆதரவு. அமிழ்வுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. விடமாட்டேன், ஏனென்றால் சுருள் வாங்கும்போது தப்பு நடப்பது இங்கேதான்.

80 கிலோ ஆளில் இருக்கையின் மேல் விழுவது சுமார் 60. மிச்சம் காலிலும் கையிலும். கால்மிதியை முன்னால் தள்ளி ஃபார்வர்ட் கன்ட்ரோல் வைத்துக் காலை நீட்டிவிட்டால் இருக்கைக்கு இன்னும் கூடும், குழியைப் பார்த்து எழுந்து நிற்கவும் முடியாது. பின்கட்டைக்கு நடுவில் வைத்த கால்மிதிதான் நல்லது. இரண்டு சுருளும் நேராக ஆளுக்கு அடியில் இருந்தால், 40 மி.மீ. அமிழ்வுக்கு ஒவ்வொன்றும் மி.மீ.க்கு 7.4 நியூட்டன். ஆனால் வழக்கமான அமைப்பு அப்படி இல்லை. இருக்கையின் மூக்கில் கீல், பின்னால் சுருள், நடுவில் ஆள். கீலிலிருந்து ஆள் 225 மி.மீ., சுருள் 300 மி.மீ. என்றால் ஒவ்வொரு சுருளும் மி.மீ.க்கு சுமார் 4.1 நியூட்டன்தான் இருக்க வேண்டும். 7.4 சுருளை அங்கே வைத்தால் அமிழ்வு 22 மி.மீ. ஆகிவிடும், அதிர்வெண் 3.4. 'நல்ல கனமான ஸ்பிரிங்' என்று பெருமையாகச் சொல்வது பெரும்பாலும் இதுதான்.

நீளமும் முக்கியம். அந்த அமைப்பில் ஆள் 40 மி.மீ. அமிழும்போது சுருள் 53 மி.மீ. இறங்கும். 4 மி.மீ. கம்பியில் 7 சுற்று என்றால் முழுக்க நசுங்கிய உயரம் 28. 125 மி.மீ. சுருளில் 97 மி.மீ. ஓட்டம் இருக்கிறது, 53 போனாலும் இன்னும் 44 மிச்சம். 75 மி.மீ. சுருளில் ஓட்டமே 47. ஆள் உட்கார்ந்ததுமே சுற்றோடு சுற்று ஒட்டிவிடும். அதனால்தான் குட்டைச் சுருளை விற்கிறவர்கள் கெட்டியாகச் செய்கிறார்கள். சுருள் இப்படி முழுக்க ஒட்டி 'டக்' என்று இடிப்பதற்கு 'அடிதட்டல்' என்று பெயர் வைக்கலாம், கப்பல் தரைதட்டுவது போல.

சுருளுக்குத் தணிப்பு கிடையாது, மேடு தாண்டிய பிறகும் இருக்கை இரண்டு மூன்று தடவை ஊஞ்சலாடும். அது பிடிக்காதவர்களுக்கு மலைச்சைக்கிளின் பின்அப்சோபர் ஒன்று போதும். 165 மி.மீ. நீளம், 38 மி.மீ. ஓட்டம், சுருளில் 350 பவுண்டு என்று அச்சிட்டிருக்கும். அதைக் கீலிலிருந்து 110 மி.மீ. தள்ளி நிமிர்ந்த நிலையில் வைத்தால் 60 கிலோவுக்கு அப்சோபர் பாதி ஓட்டத்தில் நிற்கும், இருக்கை 40 மி.மீ. அமிழ்ந்திருக்கும். ஆனால் அப்போது கீல் தலைகீழாக வேலை செய்யும்: மூக்கு மேலே தூக்கப் பார்க்கும், கிட்டத்தட்ட 60 கிலோ விசையோடு. சும்மா கதவுக் கீலை வைத்துவிடாதீர்கள். 10 மி.மீ. போல்ட், வெண்கல புஷ், இருக்கைத் தகட்டுக்கு அடியில் நீளவாக்கில் வரிப்பட்டை.

ஆள் ஏறும் முன் இருக்கையின் சொந்த எடைக்கு இறங்குவது 'தன்னமிழ்வு', ஆள் ஏறியதும் இறங்குவது 'ஆளமிழ்வு'. இரண்டும் வேண்டும்.

செந்தூலிலிருந்து

தம்பி, "உங்க ஆளமிழ்வு எவ்வளவு?" என்று கேட்டால் ஆள் எங்கேயோ மூழ்கிவிட்டான் என்று 999-க்குப் போன் போடுவான்.

பிறையிலிருந்து

சரி அண்ணே, சுமையமிழ்வு.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து

பதிவு செய்துவிட்டேன்: பின்கட்டை, முழுக்கட்டை, விற்சட்டகம், மறைவில், குடவில், முட்டுத்தண்டு, சவாரி இதம், தன்னமிழ்வு, சுமையமிழ்வு, அடிதட்டல். சுமையமிழ்வுக்கான விளக்கத்தில் அளக்கும் முறையையும் சேர்த்திருக்கிறேன், சரியா என்று பாருங்கள்: வண்டியை நிமிர்த்தி ஒருவர் முன்னால் ஹேன்டிலைப் பிடிக்க வேண்டும். ஓட்டுகிறவர் ஹெல்மெட்டோடு ஏறி, இரண்டு காலையும் கால்மிதியில் வைக்க வேண்டும். மூன்றாமவர், ஆள் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே, இருக்கைத் தகட்டிலிருந்து சட்டகக் குழாய் வரை அளப்பார். ஏறும் முன் எடுத்த அளவிலிருந்து இதைக் கழிக்க வேண்டும்.

செந்தூலிலிருந்து

சரிதான் அக்கா. ஒன்று மட்டும் சேருங்கள்: அளக்கும் முன் ஆளை இரண்டு தடவை எம்பி உட்காரச் சொல்லணும். கீல் புஷ் இறுக்கமாக இருந்தால் முதல் தடவை முழுசாக இறங்காது, 5 மி.மீ. வரை பொய் சொல்லும்.